சம்பளமும் பட்டமும்

இங்கிலாந்தில் சர்வகலாசாலையில் சேருகிற சாதாரண மாணாக்கன் 2025-26-ஆம் கல்வியாண்டில் 9,535 பவுன் வரை கட்டணம் கொடுக்க வேண்டும். அதைக் கடனாக வாங்கிக் கொடுத்துவிட்டு, பட்டம் பெறும் நாளிலேயே பெருங்கடனாளியாக வெளியே வருகிறான். அதே தேசத்தில், அதே பட்டத்தை, கட்டணம் ஒரு காசும் கொடாமல், மாதந்தோறும் சம்பளமும் வாங்கிக்கொண்டு பெறுகிற வேறொரு கூட்டத்தார் இருக்கின்றனர். அவர்களுக்குப் பட்ட அப்ரண்டிஸ்கள் என்று பெயர். 2015-ல் அங்கே தொடங்கிய இம்முறையை நம்மவர் பலர் வாயாரப் புகழ்கின்றனர். நம் பல்கலைக்கழக மானியக் குழுவும் 2025-ல் அப்ரண்டிஸ் பயிற்சியோடு கூடிய பட்டப்படிப்புக்கு வழிமுறைகளை வகுத்து வெளியிட்டிருக்கிறது. ஆகவே இங்கிலாந்தில் இது எவ்வாறு நடக்கிறதென்பதை உள்ளபடி அறிவது நமக்கு அவசியமாகிறது.

முதலில் கவனிக்க வேண்டியது அந்த இளைஞனுடைய அந்தஸ்து. அவன் கலாசாலை மாணாக்கனாக இருந்து தொழிற்சாலையைப் பார்க்கப் போகிறவனல்லன். முதல் நாளிலிருந்தே ஒரு முதலாளியிடம் ஒப்பந்தம் எழுதி வேலைக்கு அமர்ந்த ஊழியன். மூன்று வருஷம் முதல் ஆறு வருஷம் வரை வேலை செய்துகொண்டே சர்வகலாசாலைப் பாடங்களையும் படித்து முடிக்கிறான். சம்பளத்துடன் கூடிய விடுமுறை அவனுக்கு உண்டு. குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் உண்டு. அப்ரண்டிஸ்களுக்கென்று சட்டம் வைத்திருக்கும் கூலி மிகக் குறைவென்பது மெய்யே. 2025 ஏப்ரலில் அது மணிக்கு 7 பவுன் 55 பென்ஸ் என்று நிர்ணயிக்கப்பட்டது. 21 வயது நிரம்பிய மற்றத் தொழிலாளிக்கோ 12 பவுன் 21 பென்ஸ். ஆயினும் 19 வயது நிரம்பி முதல் வருஷத்தையும் கடந்தவனுக்கு அவன் வயதுக்குரிய கூலியையே கொடுத்தாக வேண்டும். பெரிய கம்பெனிகள் பல, ஆரம்பத்திலேயே இதற்கு மேலும் கொடுக்கின்றன.

படிப்பதற்கான நேரம் அவனுடைய ஓய்வு நேரத்திலிருந்து எடுக்கப்படுவதல்ல. சம்பளம் பெறும் வேலை நேரத்திலேயே அது அடங்கியது. ஆரம்பத்தில் வேலை நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கைப் பயிற்சிக்கென ஒதுக்க வேண்டுமென்று விதித்தார்கள். 2022-ல் அதை முழுநேர ஊழியனுக்கு வாரம் 6 மணி என்று குறைத்தார்கள். பிறகு ஒவ்வொரு தொழிலுக்கும் இத்தனை மணி என்று தனித்தனியே வகுத்தார்கள். விதி தளரத் தளர யாருக்கு லாபம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வேலை நெருக்கடியான வாரத்தில் மேஸ்திரியின் கண்ணுக்கு முதலில் வீணாகத் தோன்றுவது அப்ரண்டிஸின் படிப்பு நேரம்தானே!

பணம் எங்கிருந்து வருகிறது? 2017 ஏப்ரல் முதல், வருஷத்தில் 30 லட்சம் பவுனுக்கு மேல் சம்பளச் செலவு செய்யும் ஒவ்வொரு ஸ்தாபனமும் அச்செலவில் நூற்றுக்கு அரை வீதம் சர்க்காருக்குத் தனி வரி கட்ட வேண்டும். ஆனால் இது மற்ற வரிகளைப் போல் கஜானாவுக்குள் மறைந்து போவதில்லை. கட்டியவர் பெயரிலேயே கணக்கில் நிற்கும். அப்ரண்டிஸ் பயிற்சிக்கு அவர் அதை எடுத்துச் செலவிடலாம். குறித்த கெடுவுக்குள் செலவிடாவிட்டால் இழந்துவிடுவார். இந்தக் கணக்கிலிருந்தே சர்வகலாசாலைக்குக் கட்டணம் போகிறது. ஒரு பட்டத்துக்கு உச்ச அளவு 27,000 பவுன். அப்ரண்டிஸிடம் பயிற்சிச் செலவில் எந்தப் பங்கையும் கேட்கக்கூடாதென்பது திட்டமான விதி. வரிக்கு உட்படாத சிறு முதலாளிகளுக்குச் சர்க்கார் பெரும்பங்கைக் கொடுத்தது; 2019-ல் அவர்கள் பங்கு நூற்றுக்குப் பத்திலிருந்து ஐந்தாகக் குறைந்தது.

முதலாளிக்கு இதனால் வரும் அனுகூலம் பெரிது. தன் யந்திரத்தையும் தன் முறையையும் அறிந்த பட்டதாரியைத் தானே உருவாக்கிக்கொள்கிறான். மருத்துவமனைகள் நர்ஸுகளையும், போலீஸ் இலாகாக்கள் கான்ஸ்டபிள்களையும் இவ்வழியில் சேர்த்துக்கொள்கின்றன. டைஸன் என்ற யந்திரக் கம்பெனியோ இன்னும் ஒரு படி மேலே சென்றது. 2017-ல் தன் வளாகத்திலேயே ஒரு கலாசாலையைத் திறந்து, முதலில் வார்விக் சர்வகலாசாலையின் பட்டத்தை அளித்தது. 2020-ல் தானே பட்டம் வழங்கும் அதிகாரத்தையும் பெற்றுவிட்டது. முதலாளியும் ஆசிரியனும் பரீட்சாதிகாரியும் ஒருவரேயானால், அங்கே படிப்பவன் யாரிடம் போய் முறையிடுவான்? இதைக் கேட்பவர் அங்கேயே அதிகம் பேர் இல்லை.

இத்திட்டத்தின் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் இருக்கின்றன. கதவின் சாவி முதலாளி கையில் இருக்கிறது. சர்வகலாசாலையில் இடம் இருந்து பயனில்லை. வேலை கொடுப்பவன் வந்தால்தான் இடம். எத்தனை பேர், எந்தத் தொழிலில், யார் யார் என்பதை அவனே தீர்மானிக்கிறான். நடுவில் ஆட்குறைப்பு நேர்ந்தால் படிப்பும் சேர்ந்து ஊசலாடுகிறது. 12 வாரங்களுக்குள் வேறு முதலாளியைத் தேடிக்கொள்ள வேண்டிய நிலைமை சாதாரணமாக ஏற்படுகிறது.

சாவி எப்படித் திரும்பிற்று என்று பாருங்கள். ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு வழி திறப்பதற்கே இது என்று சொல்லப்பட்டது. வரிப் பணத்தைக் கெடுவுக்குள் செலவிட வேண்டிய கம்பெனிகளோ, ஏற்கெனவே தம்மிடம் நல்ல உத்தியோகத்தில் இருந்த மேனேஜர்களையே அப்ரண்டிஸ்கள் என்று எழுதிக்கொண்டன. தலைமை உத்தியோகஸ்தர்கள் வியாபார நிர்வாகத்தில் எம்.பி.ஏ. பட்டம் பெறுவதற்குக்கூட இந்த நிதி பயன்பட்டது. ஜனங்கள் கேட்டு நகைத்தபிறகு 2021-ல் அது விலக்கப்பட்டது. கல்வியில் ஏற்றத்தாழ்வை ஆராயும் சட்டன் டிரஸ்டு என்ற ஸ்தாபனம், பட்ட அப்ரண்டிஸ் இடங்களில் வறிய குடும்பத்து இளைஞர் போதிய அளவு இடம்பெறவில்லை என்பதைப் பன்முறை எடுத்துக்காட்டியிருக்கிறது. கடைசியில் சர்க்காரும் விழித்துக்கொண்டது. எம்.ஏ. தரத்துக்கு ஒப்பான மேற்படி அப்ரண்டிஸ் படிப்புகளுக்கு, சில விலக்குகள் நீங்கலாக, 21 வயதுக்கு மேற்பட்டுப் புதிதாகச் சேருவோருக்கு 2026 ஜனவரி முதல் பொது நிதி இல்லையென்று 2025 மே மாதத்தில் அறிவித்தது. பட்டப் படியில் அத்தகைய வயது வரம்பு அப்போது விதிக்கப்படவில்லை.

இனி நம் விஷயத்துக்கு வருவோம். நமது மானியக் குழுவின் வழிமுறைப்படி மூன்று வருஷப் பட்டப்படிப்பில் ஒன்று முதல் மூன்று பருவங்கள் வரை மாணாக்கன் ஏதேனுமொரு ஸ்தாபனத்தில் அப்ரண்டிஸாக இருக்கலாம். பட்டதாரி அப்ரண்டிஸுக்கு மாதம் 9,000 ரூபாய்க்குக் குறையாத உபகாரத் தொகை கொடுக்க வேண்டுமென்று 2019-ல் திருத்திய விதிகள் கூறின. நல்லதுதான். ஆனால் 1961-ஆம் வருஷத்து அப்ரண்டிஸ் சட்டத்தின் 18-ஆவது பிரிவு என்ன சொல்லுகிறது? அப்ரண்டிஸ் பயிற்சி பெறுபவனேயன்றித் தொழிலாளி அல்லன். தொழிலாளர் சம்பந்தமான சட்டங்கள் அவனுக்குப் பொருந்தா என்கிறது. உடல்நலம், பாதுகாப்பு, விபத்துக்கு நஷ்டஈடு முதலியவை மட்டுமே அவனுக்கென்று தனியே காக்கப்பட்டிருக்கின்றன. இங்கிலாந்தில் அப்ரண்டிஸ் என்ற சொல்லே ஊழியன் என்று பொருள்படுகிறது. இங்கே அதே சொல் அவன் ஊழியன் அல்லன் என்று காட்டுவதற்குப் பயன்படுகிறது. 30 பேரோ அதற்கு மேலோ உள்ள ஸ்தாபனங்கள் நூற்றுக்கு 2½ முதல் 15 வரை அப்ரண்டிஸ்களை வைத்தாக வேண்டுமென்ற விதியும் நம்மிடம் உண்டு. உரிமை குறைந்த இத்தனை கைகள் ஒரு தொழிற்சாலைக்குள் நுழைந்தால், நிரந்தரத் தொழிலாளியின் இடம் என்னவாகும் என்பதைத் தொழிற்சங்கத்தார் இப்பொழுதே யோசிக்க வேண்டும்.

மாணாக்கர் சங்கங்களும் பார்லிமெண்டு அங்கத்தினரும் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. தொழிற்சாலையில் கழிக்கும் பருவத்துக்கும் கலாசாலை கட்டணம் வாங்குமா? அங்கே படிப்பதற்கென்று வாரத்தில் எத்தனை மணி நேரம் சட்டப்படி ஒதுக்கப்படும்? 18-ஆவது பிரிவு திருத்தப்படுமா, படாதா?