விழுந்தால் என்ன?

பனிப்பலகைப் போட்டியைப் பற்றி எழுதப் போகிறோம் என்றதும் பக்கத்து வகுப்புத் தோழியர் சிரித்தார்கள். மே மாத வெயிலில் வெந்து, ஐப்பசி மழையில் நனைந்து வளர்ந்த சென்னைப் பெண்களுக்கு இது தேவைதானா என்பது அவர்கள் கேள்வி. எங்கள் வகுப்பில் நாற்பத்திரண்டு பேர். பனி பெய்வதைக் கண்ணால் கண்டவர்கள் அவர்களில் இருவரே. ஒருத்தி மணாலியில், மற்றொருத்தி கனடாவில் சித்தப்பா வீட்டில். ஏனையோருக்குப் பனி என்றால் மார்கழிக் காலையில் மயிலைத் தெப்பக்குளத்தின்மேல் கவிந்திருக்கும் மூட்டம். ஐஸ் என்றால் ஐஸ் ஹவுஸ்.

அந்த ஐஸ் ஹவுஸையே எங்களுக்குச் சாட்சியாக அழைக்கிறோம். அமெரிக்காவில் ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியைக் கப்பலில் கொண்டுவந்து வைத்து விற்பதற்காக 1842-ல் எழுப்பிய கட்டடம் அது. 1897-ல் விவேகானந்தர் தங்கியதும் அங்கேதான். உலகின் மறுகோடியிலிருந்து பனியைத் தருவித்துக் குடித்த ஊர்க்காரர்கள் அதைப் பற்றி நாலு வார்த்தை பேசினால் குற்றமில்லை என்று நினைக்கிறோம்.

முதலில் விளையாட்டைச் சொல்லிவிடுகிறோம். பனிச்சறுக்கில் காலுக்கு ஒன்றாக இரண்டு நீண்ட கட்டைகள், கையில் ஊன்றுகோல்கள். பனிப்பலகையிலோ இரண்டு காலும் ஒரே பலகையில் பிணைக்கப்பட்டிருக்கும், ஊன்றுகோல் கிடையாது. பக்கவாட்டாக நின்று, குதிகாலையும் கால்விரலையும் மாற்றி மாற்றி அழுத்தி, பலகையின் விளிம்பால் பனியைக் கீறித் திரும்ப வேண்டும்.

இந்த விளையாட்டு பிறந்த கதை எங்களுக்கு மிகவும் பிடித்திருக்கிறது. 1965-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாள். அமெரிக்காவில் மிஷிகன் மாநிலத்து மஸ்கீகன் என்னும் ஊரில் ஷெர்மன் பாப்பன் என்பவர், வீட்டுக்குள் ரகளை செய்துகொண்டிருந்த தம் பெண் குழந்தைகளை வெளியே அழைத்துப் போய், இரண்டு பனிச்சறுக்குக் கட்டைகளைச் சேர்த்து இணைத்து, அதன்மேல் நிற்கச் சொல்லி மேட்டிலிருந்து சறுக்கவிட்டார். பனிக்கும் அலைச்சறுக்குக்கும் உள்ள இரண்டு ஆங்கிலச் சொற்களை ஒட்டி 'ஸ்னர்ஃபர்' என்று அதற்குப் பெயர் வைத்தது அவர் மனைவி. ஆக, பெண் குழந்தைகளுக்காக ஒரு தகப்பனார் செய்து, ஒரு தாயார் பெயரிட்ட விளையாட்டு இது. 1998-ல் ஜப்பானின் நகானோ நகரில் குளிர்கால ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டபோது, ஆண்களுக்கும் பெண்களுக்கும் முதல் ஆண்டிலேயே போட்டிகள் வைத்தார்கள்.

எங்களை இதில் இழுத்தது 'ஹாஃப்பைப்' என்னும் பிரிவு. பெரிய குழாய் ஒன்றை நீளவாக்கில் பிளந்து மலைச்சரிவில் கிடத்தியது போன்ற பனிப்பள்ளம் அது. சுவர்களின் உயரம் ஏறத்தாழ 22 அடி. இரண்டு மாடி வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுவரில் ஏறி, ஆகாயத்தில் எழும்பிச் சுழன்று, இறங்கி, எதிர்ச்சுவருக்குப் போக வேண்டும். ஆறு நடுவர்கள் நூற்றுக்கு மதிப்பெண் இடுவார்கள். மிக அதிகமானதையும் மிகக் குறைந்ததையும் தள்ளிவிட்டு மற்ற நான்கின் சராசரியை எடுப்பார்கள். இறுதிச் சுற்றில் ஒவ்வொருவருக்கும் மூன்று வாய்ப்பு. மூன்றையும் கூட்டுவதில்லை, சிறந்த ஒன்று மட்டுமே கணக்கு.

இதில் என்ன நடக்கிறது பாருங்கள். 2018-ல் தென் கொரியாவின் பியோங்சாங்கில் அமெரிக்காவின் குளோயி கிம் என்ற பதினேழு வயதுப் பெண் இரண்டாவது வாய்ப்பில் விழுந்தாள். மூன்றாவது முறை மேலே நின்றபோது தங்கப் பதக்கம் அவளுக்கு ஏற்கெனவே உறுதியாகிவிட்டது. சும்மா சறுக்கிக்கொண்டு வந்திருக்கலாம். அவளோ, தான் விழுந்த அதே வித்தையை, அதாவது மும்மூன்று முழுச் சுற்றாக அடுத்தடுத்து இருமுறை சுழல்வதை, மறுபடியும் செய்து 98.25 பெற்றாள். 2022-ல் பெய்ஜிங்கில் முதல் வாய்ப்பில் 94, இரண்டாவதில் விழுந்தாள், மூன்றாவதிலும் விழுந்தாள். தங்கம் அவளுக்கே.

இருமுறை விழுந்தவளுக்குத் தங்கமா என்று எங்களில் சிலருக்கு நியாயமாகவே படவில்லை. காரணம், நாங்கள் பழகிய கணக்கு வேறு. எங்கள் பரீட்சைகளில் தவறுக்கு மதிப்பெண் குறையும். எங்கள் வீடுகளிலும் அப்படித்தான். ஒருமுறை பாட்டில் சுருதி பிசகினால் அந்தக் கல்யாணத்துக்கு வந்த மாமிமார்கள் பத்து வருஷம் கழித்தும் சொல்லிக்காட்டுவார்கள்.

எப்போதும் மன்னிக்கிற விளையாட்டு என்றும் நினைத்துவிட வேண்டாம். ஒரே சமயத்தில் சிலர் சேர்ந்து கீழே பாயும் பந்தயமும் இதில் உண்டு. 2006-ல் இத்தாலியின் டுரினில் லிண்ட்சி ஜாகபெலிஸ் என்பவர் எல்லோருக்கும் வெகுதூரம் முன்னால் வந்துகொண்டிருந்தார். முடிவுக்கோடு நெருங்கும்போது, தேவையே இல்லாமல், ஒரு தாவலில் பலகையைக் கையால் பிடித்து அழகு காட்டினார். விழுந்தார். சுவிட்சர்லாந்தின் டான்யா ஃப்ரீடன் கடந்து போய்விட்டார். அவர் கர்வத்தால் கெட்டார் என்று எங்களில் பாதிப் பேர் சொன்னோம். சந்தோஷத்தில் செய்ததைக் கர்வம் என்பதா என்று மறுபாதி. மதிய உணவு ஆறிப்போகும் அளவுக்குச் சண்டை நடந்தது. பதினாறு ஆண்டுகள் கழித்து, 2022-ல், முப்பத்தாறு வயதில் அதே பந்தயத்தில் அவர் தங்கம் பெற்றார் என்று பிறகு தெரிந்ததும் இரு கட்சியும் வாயை மூடிக்கொண்டன.

நம் நாட்டுக்கு வருவோம். குளிர்கால ஒலிம்பிக்கில் கலந்துகொண்ட முதல் இந்தியப் பெண் ஷைலஜா குமார். 1988-ல் கனடாவின் கால்கரியில் பனிச்சறுக்கில் 28-வது இடம் பெற்றார். பனிப்பலகையில் 1998 முதல் 2022 வரை நடந்த ஏழு ஒலிம்பிக்குகளில் இந்தியர் ஒருவரும் இல்லை. ஆனால் அறிவுசார் குறைபாடு உடையோருக்காக 2025 மார்ச்சில் அதே டுரினில் நடந்த சிறப்பு ஒலிம்பிக் குளிர்கால விளையாட்டுகளில் இந்திய அணி 33 பதக்கங்கள் வென்றது. பனிப்பலகையிலும் தங்கம் கிடைத்தது. 'உன்னால் முடியாது' என்ற சொல்லை எங்களைவிடப் பலமடங்கு அதிகமாகக் கேட்டவர்கள் அவர்களாகத்தான் இருப்பார்கள்.

சென்னைக்குப் பனி வராது. அது எங்களுக்கும் தெரியும். ஆனால் இந்த விளையாட்டுக்குத் தாய் கடல், அக்காள் சக்கரப்பலகை. கடல் நமக்கு இல்லையா? அடையாறிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு மணி நேரம் போனால் கோவளம். அங்கே மீனவ இளைஞர்கள் அலைச்சறுக்கு கற்றுத்தருகிறார்கள். இன்னும் சற்றுத் தள்ளி மாமல்லபுரம். அவ்வூர்ச் சிறுமி கமலி மூர்த்தி வெறுங்காலோடு, வெள்ளைக் கவுனில், சக்கரப்பலகையில் சரிவில் இறங்கும் படத்தை உலகப் புகழ் வீரர் டோனி ஹாக் பகிர்ந்து பரப்பினார். அவளைப் பற்றிய குறும்படம் 2020-ல் பிரிட்டனின் பாஃப்டா விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. வண்ணாரப்பேட்டை பவானி தேவியும் இப்படித்தான். பள்ளியில் மற்ற விளையாட்டுகளில் இடம் நிரம்பிவிட, மிச்சமிருந்த வாள்வீச்சை எடுத்துக்கொண்டு, மூங்கில் கழியால் பழகி, 2021-ல் டோக்கியோவில் ஒலிம்பிக் வாள்வீச்சுக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியர் ஆனார்.

ஆகவே எங்களைத் தடுப்பது பனி இல்லாமை அன்று. விழுந்துவிடுவோமோ என்ற பயம். அதைவிட, நாங்கள் விழுவதை நாலு பேர் பார்த்துவிடுவார்களோ என்ற எங்கள் வீட்டார் பயம். உறியடியில் தண்ணீர் பீய்ச்ச, வழுக்கு மரத்தில் ஏறிப் பத்து முறை சறுக்கி விழும் பையன்களுக்கு மயிலைத் தெருவே கைதட்டுகிறது. மாடியில் நின்று நாங்களும் தட்டியிருக்கிறோம். ஒரு பெண் விழுந்தால் முதல் கேள்வி, "பாவாடை விலகியதா?" இரண்டாவது, "முகத்தில் காயமா?" கை வலிக்கிறதா என்பது மூன்றாவதாகத்தான் வரும்.

இது கற்பனை அன்று. சென்ற ஆண்டு எங்கள் தோழி ஒருத்தி பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் தன் அண்ணனின் சக்கரப்பலகையில் ஏறி, விழுந்து, மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். அண்ணனும் அதே இடத்தில் அதற்கு முந்தைய ஆண்டு கையை முறித்துக்கொண்டவன்தான். அவனுக்குக் கட்டுப் பிரித்ததும் பலகை திரும்பக் கிடைத்தது. அவளுடைய கட்டைப் பிரித்தபோது பலகை பரணுக்குப் போய்விட்டது.

ஆபத்தே இல்லை என்று நாங்கள் வாதிட வரவில்லை. புதிதாகக் கற்பவர்களுக்கு அடிக்கடி முறிவது மணிக்கட்டுத்தான். அதனால்தான் பனிப்பலகை ஆசிரியர்கள் முதல் பாடமாக விழுவதையே கற்றுத்தருகிறார்கள்: உள்ளங்கையை ஊன்றாதே, விரல்களை மடக்கிக்கொள், முன்கையில் பாரத்தை வாங்கு. எங்களுக்கு இதுவரை ஒருவரும் விழக் கற்றுத்தரவில்லை. விழாதே என்று மட்டுமே சொன்னார்கள்.

நாங்கள் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புகளில் விளையாட்டு வேளையைக் கணக்குப் பாடத்துக்குக் கடன் கொடுக்க வேண்டாம். கூடைப்பந்துத் திடலின் ஓரத்தில் சிமெண்டுத் தளம் சும்மா கிடக்கிறது. நாலு பலகை, நாலு தலைக்கவசம், முட்டிக்கும் மணிக்கட்டுக்கும் காப்பு போதும். ஆண்டுக்கொரு சுற்றுலாவை மறுபடியும் அதே பொருட்காட்சிக்குப் பதில் கோவளத்துக்கு வைக்கலாம். வெயிலில் கறுத்துவிடுவோம் என்று கவலைப்படும் அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை: கறுத்துவிட்டுப் போகிறோம், அம்மா.

போன வாரம் எங்கள் தோழி தன் அப்பாவிடம் அந்தப் பலகையைப் பரணிலிருந்து இறக்கித் தரச் சொல்லிக் கேட்டாள். பரீட்சை முடியட்டும், பார்க்கலாம் என்றாராம். பரீட்சை இருபத்து நாலாம் தேதி முடிகிறது. ஸ்டூல் பிடிக்க நாங்கள் ஐந்து பேர் போகிறோம்.