பதினோராம் வசனத்துக்கு முன்னால் பத்தாம் வசனம்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் உள்ளவர்கள் நிதானமாக வாசியுங்கள்.

நம் சபைகளில் டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து ஜனவரி 1 பிறந்ததும் வாக்குத்தத்த அட்டை கொடுப்பது வழக்கம். சில இடங்களில் தட்டில் வைத்து எடுக்கச் சொல்வார்கள். சில இடங்களில் சபை முழுமைக்கும் ஒரே வசனம். வீடு திரும்பும் வழியிலேயே, "உனக்கு என்ன வசனம்?" என்பதுதான் பேச்சு. அந்த அட்டை வேதாகமத்துக்குள்ளோ பீரோ கண்ணாடியிலோ ஒரு வருடம் இருக்கும். இந்த வழக்கத்தைக் கேலி செய்ய நான் வரவில்லை. எழுத்து வாசிக்கத் தெரியாத பாட்டிமார், பேரப்பிள்ளையிடம் அட்டையைக் கொடுத்து வாசிக்கக் கேட்டு, மனப்பாடம் செய்து, வருடம் முழுக்க அதையே சொல்லி ஜெபித்ததைப் பார்த்திருக்கிறேன். அது லேசான பக்தி அல்ல.

என் கவலை வேறு. அட்டைகளில் அதிகம் வரும் வசனங்களில் ஒன்று எரேமியா 29:11. கடவுள் நம்மைக் குறித்து நல்லதையே நினைக்கிறார், முடிவில் நம்பிக்கை உண்டு என்ற பொருளில் வரும் வசனம். அடியில் ஒரு சூரிய உதயப் படமும் இருக்கும்.

போன மாதம் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். சென்னையில் ஒரு ஐ.டி. கம்பெனியில் 11 வருட வேலை. ஒரு மத்தியானம் கூப்பிட்டு உட்கார வைத்து ராஜினாமா எழுதி வாங்கிவிட்டார்கள். வீட்டுக் கடன் ஓடுகிறது, இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். அவன் அழவில்லை, யாரையும் திட்டவும் இல்லை. "சார், எனக்கு இந்த வருஷம் எரேமியா 29:11 சார். அப்போ இது என்ன சார்?" என்று மட்டும் கேட்டான். அவனிடம் சொல்லிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

வரலாறு நடத்தியவன் என்பதால் எனக்கு ஒரு பழக்கம். எந்த வாக்கியத்தைக் காட்டினாலும், இதை யார், யாருக்கு, எப்போது சொன்னார் என்று கேட்பேன்.

கி.மு. 597. பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்து, எகொனியா ராஜாவையும் பிரபுக்களையும் தச்சரையும் கொல்லரையும் சிறைபிடித்துக் கொண்டுபோனான். ஆலயப் பொக்கிஷங்களும் போயின. போனவர்களுக்கு இருந்தது ஒரே கேள்விதான்: எப்போது ஊர் திரும்புவோம்?

இந்தக் கேள்விக்கு ஒரு சுலபமான பதில் எருசலேமில் கிடைத்தது. அனனியா என்ற தீர்க்கதரிசி, இன்னும் இரண்டே வருடம், எல்லாரும் எல்லாமும் திரும்பி வந்துவிடும் என்று ஆலயத்தில் ஜனங்கள் முன்னிலையில் சொன்னான். எரேமியா தன் கழுத்தில் அடையாளமாகப் போட்டிருந்த மர நுகத்தை எடுத்து உடைத்தும் காட்டினான். அன்றைக்கு அட்டை அச்சடிக்கும் வசதி இருந்திருந்தால் அனனியாவின் வார்த்தைதான் வீட்டுக்கு வீடு போயிருக்கும். கவனியுங்கள், எரேமியா முதலில் அதற்கு ஆமென் என்றுதான் சொன்னார். அப்படியே நடந்தால் நல்லதுதான் என்றார். கெட்ட செய்தி சொல்வதில் அவருக்கு எந்தச் சந்தோஷமும் இல்லை.

பிறகுதான் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா கடிதம் எழுதுகிறார். 29-ஆம் அதிகாரம் அந்தக் கடிதம். வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் பலனைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்து வையுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் நன்மைக்காக உழையுங்கள், அதற்காக ஜெபியுங்கள் என்கிறார். எந்தப் பட்டணம்? தங்கள் ஆலயத்தைக் கொள்ளையடித்த பாபிலோன்! அதற்குப் பிறகு பத்தாம் வசனம். அதில் 70 வருடக் கணக்கு வருகிறது. கடிதத்தை வாசிக்கக் கேட்ட 30 வயது வாலிபன் என்ன நினைத்திருப்பான்? நான் திரும்பப் போவதில்லை, என் பேரப்பிள்ளை வேண்டுமானால் போகலாம் என்றுதானே?

அதற்கு அடுத்த வரிதான் நம் அட்டையில் இருப்பது.

பத்தை மறைத்துவிட்டுப் பதினொன்றை மட்டும் கொடுத்தால், எரேமியாவின் பேரில் அனனியாவைக் கொடுக்கிறோம் என்று அர்த்தம். இது கடுமையான வார்த்தை என்று தெரியும். ஆனால் 2020 ஜனவரி 1 அன்று நாம் எடுத்த அட்டைகளையும், மார்ச் கடைசியில் ஆலயக் கதவுகள் மூடிக் கிடந்ததையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். அந்த இரண்டுக்கும் நடுவில் பல வாலிபப் பிள்ளைகளின் விசுவாசம் சத்தமில்லாமல் கழன்றுபோனது. அவர்கள் நாத்திகம் பேசவில்லை. ஆலயம் திறந்த பிறகும் வரவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று. அந்த வசனத்தில் 'உங்கள்' என்று இருப்பதை நாம் மரியாதைப் பன்மையாக வாசித்துவிடுகிறோம், கடவுள் என்னை 'நீங்கள்' என்று சொல்வதுபோல. நம் வேதாகமத் தமிழில் ஆண்டவர் தனி ஆளிடம் பேசினால் 'நீ', 'உன்' என்றுதான் வரும். இங்கே வருவது உண்மையான பன்மை. ஒரு ஜனக்கூட்டத்துக்குக் கொடுத்த வாக்கு. அதைத் தனித்தனி அட்டையாக வெட்டிக் கையில் கொடுத்ததும், வேலை போனவன் தனியாக உட்கார்ந்து, என்னிடம் என்ன குறை, எந்தப் பாவத்துக்கு இது என்று கணக்குப் பார்க்க ஆரம்பிக்கிறான்.

என் மாணவனிடம் ஒரு கேள்வி கேட்டேன். "சபையில் யாருக்காவது தெரியுமா?" தெரியாதாம். "எப்படி சார் சொல்றது?" என்றான். அவனைக் குறை சொல்ல முடியவில்லை. நம் ஆராதனையில் சாட்சி சொல்ல நேரம் உண்டு. வேலை கிடைத்தவர், வீடு கட்டியவர், விசா வந்தவர் எழும்பி ஸ்தோத்திரம் சொல்வார்கள். வேலை போனவர் எழும்பிப் போய் மைக்கைப் பிடித்து, "எனக்கு இருட்டாக இருக்கிறது, ஜெபியுங்கள்" என்று சொல்ல எந்த ஞாயிற்றுக்கிழமையில் இடம் வைத்திருக்கிறோம்? வேதாகமத்தில் அதற்குத் தாராளமான இடம் இருக்கிறது. சங்கீதங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புலம்பல்கள்தான். 88-ஆம் சங்கீதம் கடைசி வரியிலும் வெளிச்சத்துக்கு வராமல் இருளிலேயே முடிகிறது. அதை யாரும் திருத்தவில்லை, நல்ல முடிவு ஒன்று ஒட்டவில்லை. கடவுளிடம் இப்படியும் பேசலாம் என்று அனுமதித்து, ஜெபப் புத்தகத்துக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். இன்னொரு அட்டை வசனம், காலைதோறும் புதிதாகும் இரக்கங்கள் பற்றியது. அது இருப்பது பட்டினியில் செத்த ஒரு பட்டணத்துக்காக அழுத புலம்பல் புத்தகத்தின் நடுவில். சாம்பல் மேட்டில் நின்று சொன்ன வார்த்தை என்பதால்தான் அதற்கு அவ்வளவு கனம்.

விசுவாசம் நம்மை நிலைநிறுத்தும் என்பதை நான் முழு மனதாக நம்புகிறேன். ஆனால் ஒரு வேலையைக் கொடுத்துத்தான் அது நிலைநிறுத்துகிறது. பாபிலோனில் இருந்தவர்களுக்கு அந்தக் கடிதம் மயக்க மருந்து கொடுக்கவில்லை, மண்வெட்டியைக் கொடுத்தது. தோட்டம் போடு என்றது. கூடவே பெரிய ஆறுதல் ஒன்றையும் தந்தது: ஆலயம் இல்லாத அந்த அந்நிய ஊரிலிருந்து கூப்பிட்டாலும் கடவுள் கேட்பார். 12, 13-ஆம் வசனங்களை வாசித்துப் பாருங்கள். எருசலேமில்தான் கடவுள் என்று நினைத்திருந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய செய்தி! அந்தக் கடிதத்தின்படி வேரூன்றிய யூத சமுதாயம், கி.மு. 539-இல் கோரேஸ் பாபிலோனைப் பிடித்து ஊர் திரும்ப வழி பிறந்த பிறகும், அங்கே பல நூற்றாண்டுகள் செழித்திருந்தது. பாபிலோனியத் தால்முத் அங்கேதான் உருவானது.

தற்செயலாகக் கண்ணில் பட்ட ஒரு வசனம் ஒருவரை என்ன செய்யும் என்பதற்கு ஜெர்மானிய இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோஃபர் நல்ல உதாரணம். 1939 ஜூனில், ஹிட்லரின் பிடியிலிருந்து தப்பிக்க நண்பர்கள் ஏற்பாடு செய்து அவரை நியூயார்க் வரவழைத்தார்கள். வயது 33. பாதுகாப்பான இடம், கௌரவமான வேலை. அங்கே ஜூன் 26 அன்று 2 தீமோத்தேயு 4:21-ஐ வாசிக்கிறார். சிறையிலிருக்கும் பவுல், குளிர்காலத்துக்கு முன் வந்துவிடு என்று தீமோத்தேயுவைக் கூப்பிடுகிற சின்ன வரி. அந்த வரி அன்று முழுவதும் மனதைவிட்டுப் போகவில்லை என்று நாட்குறிப்பில் எழுதுகிறார். அதைத் தனக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்வது வேதத்தைத் தவறாகப் பயன்படுத்துவது ஆகாது என்றும் எழுதுகிறார். ஜூலை தொடக்கத்தில் ஜெர்மனிக்குக் கப்பலேறிவிட்டார். 1943-இல் கைது, 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளாசன்பர்க் முகாமில் தூக்கு.

அவருக்குக் கிடைத்ததும் ஒரு 'வாக்குத்தத்த வசனம்' மாதிரிதான். ஆனால் அது அவரைப் பத்திரமான இடத்திலிருந்து ஆபத்துக்குள் அனுப்பியது. நமக்கு வரும் வசனங்களில் எத்தனை நம்மை எங்கேயாவது அனுப்புகிறது?

பெரிய மனிதர்கள் கதையை விடுங்கள், நம் பாட்டிமாரையே பாருங்கள். திருநெல்வேலிச் சீமையில் உலை வைக்குமுன் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்து ஊழியத்துக்கென்று தனிப் பானையில் போடுவார்கள். பனையேறும் வீடுகளில், அடுத்த மாதம் பதனீர் இருக்குமா, மழை இருக்குமா என்று தெரியாத வீடுகளில், அந்தக் கைப்பிடி நின்றதில்லை. 1903-இல் பாளையங்கோட்டையில் தொடங்கிய இந்திய மிஷனரி சங்கத்துக்குப் பின்னால் இருந்தது வெளிநாட்டுப் பணம் அல்ல, இப்படிப்பட்ட வீடுகளின் காணிக்கை. தனக்கே போதாதபோது இன்னொருவருக்கென்று தினமும் எடுத்து வைக்கிற கைக்கு நாளையைப் பற்றிய பயம் கொஞ்சம் குறைந்துவிடுகிறது. இதை எந்தப் பிரசங்கத்திலும் கேட்டு நான் தெரிந்துகொள்ளவில்லை.

"கஷ்டத்தில் இருப்பவனிடம் போய் 70 வருடக் கணக்கா சொல்வது?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. சொல்லக் கூடாதுதான். முதலில் அவன் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு வழி பார்க்க வேண்டும், தெரிந்த கம்பெனிகளுக்கு அவன் பயோடேட்டாவை அனுப்ப வேண்டும். 70 வருடக் கணக்கு அவனுக்கு அல்ல, வேலையில் இருக்கும் நமக்கு. நல்ல நாளிலேயே அந்த அதிகாரத்தை முழுதாக வாசித்திருந்தால், கெட்ட நாளில் யாரும் ஒரு அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "அப்போ இது என்ன?" என்று கேட்க வேண்டியிராது.

மூன்று அதிகாரம் தள்ளி, 32-இல் ஒரு காட்சி. பாபிலோன் சேனை எருசலேமை முற்றுகை போட்டிருக்கிறது. எரேமியா காவல் முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். அந்த நேரத்தில் தகப்பனின் சகோதரன் மகன் வந்து ஆனதோத்தில் உள்ள நிலத்தை வாங்கிக்கொள் என்கிறான். எதிரியின் கைக்குப் போகப்போகிற நிலம். எரேமியா 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, சாட்சிகளை வைத்து, கிரயப் பத்திரம் எழுதி முத்திரை போட்டு, அது நெடுநாள் கெடாமல் இருக்க மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். நம் ஊர் சார்பதிவாளர் அலுவலகத்தில்கூட இவ்வளவு ஒழுங்காக நடக்காது! சிறையிலிருந்த போன்ஹோஃபர் தனக்கு நிச்சயமான பெண்ணுக்கு எழுதிய கடிதத்தில் இந்த நிலக் கதையைத்தான் நினைவுபடுத்தினார்.

போதகர்கள் யாராவது இதை வாசித்தால் ஒரு வேண்டுகோள். வரும் டிசம்பரில் அட்டையை அச்சுக்குக் கொடுக்கும்போது, பின்பக்கம் காலியாகத்தானே இருக்கிறது, அதில் "அதிகாரம் முழுவதையும் வீட்டில் சேர்ந்து வாசிக்கவும்" என்று ஒரு வரி போடுங்கள். சாட்சி நேரத்தில் வேலை இழந்தவரும் நோயில் இருப்பவரும் பேச ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். வேலை தேடுவோருக்கு உதவ உங்கள் சபையில் ஏதாவது ஏற்பாடு இருந்தால் கீழே எழுதுங்கள். என்னிடம் கேட்கிற பிள்ளைகளுக்கு அனுப்பி வைக்கிறேன். இந்த மாதத்தில் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.