நிழற்படக் கருவியும் தோலுறையும்

காப்பதற்கென்று அமைந்த பொருள், காக்கப்படும் பொருளின் பயனையே தடுக்குமாயின், அதனைக் காப்பென்று கூறலாமோ? சிறிய நிழற்படக் கருவிகளுக்குத் தைக்கப்பெறும் தோலுறைகளைக் குறித்து இவ்வினாவை யான் ஈண்டு எழுப்புகின்றேன். கைப்பேசியே படமெடுக்கும் இக்காலத்தில் தோலுறைக்கும் ஒரு கட்டுரையா என நகுவாரும் உளர். ஆயினும், பாட்டனார் பெட்டியினின்றும் பழைய பிலிம் கருவிகளைத் தேடியெடுத்துக் கழுத்திலிட்டுத் திரியும் மாணவர் நம் கல்லூரியிற் பலராதலின், அவர்க்கேனும் இது பயன்படுக.

என்பால் உள்ளது ரோலை 35 என்னுங் கருவி. என் பாட்டனார் சிங்கப்பூரிற் கணக்கராயிருந்த நாளில் வாங்கியது. ஹைன்ஸ் வாஸ்கே என்னும் ஜெர்மானியப் பொறியறிஞர் வகுத்த இக்கருவி 1966-ஆம் ஆண்டில் வெளிவந்தது. முதலிற் பிரவுன்ஷ்வைக் நகரிலும், 1970-களின் தொடக்கத்திலிருந்து சிங்கப்பூரிலும் செய்யப்பெற்றது. 24 மில்லிமீட்டர் உயரமும் 36 மில்லிமீட்டர் அகலமும் உடைய படத்தை எடுக்குங் கருவிகளுள் அந்நாளில் மிகச் சிறியவற்றுள் ஒன்று, உள்ளங்கையில் அடங்கும். அதனுடன் வந்த கருந்தோற் பை, கருவியை முழுதும் உள்வாங்கி மூடிக்கொள்ளும் இயல்பினது. அதன் தையல் விட்டமையால், இக்காலத்தார் விரும்பும் அரையுறை ஒன்றை வாங்கி ஒரு திங்கள் பழகிப் பார்த்தேன்.

அரையுறை என்பது கருவியின் அடியையும் கீழ்ப்பாதியையும் மட்டும் தழுவி நிற்பது. முக்காலியில் நிறுத்துதற்கென அடியிலுள்ள துளையில் ஒரு திருகாணியைச் செலுத்தி இதனைப் பிணிக்கின்றனர். அழகில் இதற்குக் குறையில்லை. புளியங்கொட்டை நிறம்; கைபடுந்தோறும் மெருகேறுகின்றது. சித்திரை வெயிலில் வியர்த்த கையினின்றும் வழுக்கும் உலோகத்தைத் தோல் நன்கு பற்றிக்கொள்கின்றது. இவற்றை மறுப்பதற்கில்லை.

ஆனால், ரோலை 35-இன் அமைப்போ ஏனையவற்றினின்றும் வேறானது. எடுத்த படங்களின் எண்ணைக் காட்டும் கண்ணும், பிலிமைத் திரும்பச் சுற்றும் பிடியும், மின்னொளி விளக்கைப் பொருத்தும் இடமும் அதன் அடிப்புறத்தில் உள்ளன. பிலிம் மாற்ற வேண்டினோ, முதுகும் அடியும் ஒருங்கே கழன்று வரல் வேண்டும். அடியை மூடிய உறை இவை அனைத்தையும் மூடிவிடுகின்றது! சென்ற அறுப்பின் பண்டிகையில், தாம் படைத்த சேவலைத் தாமே மும்மடங்கு விலைகூறி ஏலத்தில் எடுத்தார் ஒரு மூதாட்டியார். அவர் முகத்திலிருந்த பெருமிதம் படமெடுத்தற்குரியது. பிலிமோ முடிந்துவிட்டது. காசொன்றால் திருகாணியைச் சுழற்றி, உறையைக் கழற்றி, யான் புதுச் சுருளை இடுவதற்குள் அவர் சேவலோடு வீடு சேர்ந்துவிட்டார். அடியில் உரிய இடங்களைத் திறந்துவிட்டுத் தைப்போரும் சிலர் உளர் என்ப. தைத்தால் அவ்வாறே தைத்தல் வேண்டும்.

பழைய பையின் அருமை இதன்பின்னரே எனக்கு விளங்கிற்று. இக்கருவியின் ஒளிமானிக்கு நிறுத்தும் விசை இல்லை. ஒளி படுங்காலமெல்லாம் அது மின்கலத்தை உண்டுகொண்டே இருக்கும். பைக்குள் இருள் சூழ்ந்த பின்னரே ஓயும். எனவே, அப்பை மேற்போர்வையன்று, கருவியின் ஓர் உறுப்பே எனலாம். மற்றொன்றுங் காண்க. பிலிமை அடுத்த படத்திற்கு நகர்த்தி விசையேற்றினாலன்றி இதன் வில்லைக் குழல் உள்ளே செல்லாது. குழல் உள்ளே சென்றாலன்றிக் கருவி பைக்குள் அடங்காது. ஆகவே பையினின்றும் எடுக்கும்போதெல்லாம் கருவி விசையேறியதாகவே கைக்கு வருகின்றது. திறந்து எடுத்தற்கு இரண்டு நொடி செல்லும் என்பது மெய்யே. அவ்விரண்டு நொடியைப் பொறாதார், கருவியையே மாற்றிக்கொள்வது நன்று.

அங்ஙனம் மாற்றிச் சிந்தித்தவர் ஒருவர் ஜப்பானில் இருந்தார். ஒலிம்பஸ் நிறுவனத்தின் மைதானி யோஷிஹிசா 1979-இல் வெளியிட்ட எக்ஸ்.ஏ. என்னும் கருவியில், நகரும் மூடியொன்றே வில்லைக்குக் காப்பாயிற்று. மூடியைத் தள்ளினாற் கருவி விழிக்கும், இழுத்தால் உறங்கும். உறையும் வேண்டா, தனி மூடியும் வேண்டா. தோலுறை பற்றி எழுந்த மறுப்புரைகளுள் இதனினும் திறமானதை யான் அறியேன்.

உறையை விரும்புவோர் பலரும் எண்ணாத தீங்கு ஒன்று உண்டு. தோல் ஈரத்தை உண்டு வைத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் நம் கடற்கரை ஊர்களில், உறையிலிட்டு அலமாரியிற் பூட்டிய கருவியின் வில்லையிற் பூஞ்சணம் சிலந்திவலை போற் படர்கின்றது. நாட்செல்லின் அது வில்லையின் மேற்பூச்சை அரித்துவிடும். அரித்த வடுவைத் துடைத்துப் போக்கல் இயலாது. மரப்பட்டையாற் பதனிட்ட தோலாயின், அதிற் படும் பித்தளைக் குமிழிலும் பச்சைக் களிம்பு ஏறும். ஆதலின், வெளியே செல்லுங்கால் உறையில் இடுக. வீடு வந்ததும் வெளியே எடுத்துச் சிலிக்கா ஜெல் இட்ட இறுகிய பெட்டியில் வைக்க. பொன்போற் போற்றுவதாக எண்ணி ஆண்டுக்கணக்காக உறைக்குள் வைத்தார் செய்யுங் கேட்டினை, கவனமின்றிச் சட்டைப் பையிலிட்டு நாள்தோறும் படமெடுப்பார் செய்யார்.

இறுதியாக, விலையைப் பற்றிய ஒரு சொல். ஜெர்மானிய வில்லையைப் புகழ்வார் நம்மிற் பலர். தோலைப் பதனிட்டவனை நினைப்பார் அரியர். ஆவாரம் பட்டையால் தோல் பதனிடுதல் இந்நாட்டார் நெடுங்காலமாக அறிந்த தொழில். வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் இன்று குரோமிய உப்பாற் பதனிடுதல் பெருகியுள்ளது. பாலாற்றின் நீர் கெட்டதும் அத்தொழிற்சாலைகளின் கழிவினாலன்றோ? அக்கழிவில் நின்று உழைப்பார்க்கு ஊரார் கொடுத்த மதிப்பு யாதென நாம் அறிவோம். அவர் கைத்தொழிலைக் கழுத்தில் அணிந்துகொள்ளக் கூசாத நாம், அவரோடு அமர்ந்துண்ணக் கூசிய வரலாறும் நமக்குண்டு.

அரையுறையைக் கழற்றி நண்பரொருவர்க்குக் கொடுத்துவிட்டேன். அவர் கருவிக்கு அடியிற் பிடிகள் இல்லை. பாட்டனாரின் பழைய பையை இரயிலடியில் தோற்றொழில் புரியும் பெரியவரிடம் கொண்டுசென்றேன். அவர் அதனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, புதுத்துளை இட்டால் தோல் கிழியுமென்றும், பழைய துளைகளிலேயே மெழுகு நூலால் இருபுறமும் ஊசி கோத்துத் தைப்பதாகவுங் கூறினார். கூலி எண்பது ரூபாய். சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கின்றார்.