காகிதக் குதிரைத்திறன்

சைலன்சரை மாற்றினால் பத்து சதவீதம், ஏர் ஃபில்டருக்கு ஐந்து, இரிடியம் ப்ளக்குக்கு மூன்று, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூவோடு ஒரு பெட்டியை இணைத்தால் மேலும் பத்து என்கிற ரீதியில்தான் மோட்டார் சைக்கிள் உதிரிபாகச் சந்தை பேசுகிறது. நான்கையும் வாங்குபவர் நான்கு எண்களையும் கூட்டி, வண்டியின் சக்தி கால் பங்குக்கு மேல் ஏறிவிட்டதாக நம்புகிறார். சென்னை ஜிபி ரோட்டுக் கடைகள் முதல் இணைய விற்பனை வரை இந்த நம்பிக்கையின் மீது பெரிய வியாபாரமே நடக்கிறது. அட்டைப்பெட்டியில் அச்சிட்ட அந்த எண்கள் பெரும்பாலும் பின்சக்கரத்துக்கு வந்து சேர்வதில்லை. பாகம் தரமாக இருந்தாலும் நிலைமை இதுதான். அந்தப் பாகம் நீக்குவதாகச் சொல்லும் தடை எஞ்சினில் இருப்பதே இல்லை. அப்படி ஒன்று இருந்தாலும், அதற்கு அடுத்த தடை அப்படியே நிற்கிறது.

எஞ்சின் தரும் சக்தி அடிப்படையில் அது உள்ளிழுக்கும் காற்றைப் பொறுத்தது. ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 வண்டியை எடுத்துக்கொள்ளலாம். அதன் 349 சிசி எஞ்சின் 6,100 ஆர்பிஎம்மில் 20.2 பிஎச்பி தருவதாக நிறுவனம் அறிவிக்கிறது. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் காற்றை இழுக்கும். ஆகவே அந்த வேகத்தில் சிலிண்டர் ஒவ்வொரு முறையும் முழுதாக நிரம்பினாலும் நிமிடத்துக்கு 1,064 லிட்டருக்கு மேல் காற்று போகாது. நடைமுறையில் இன்னும் குறைவு. சக்தியைப் பத்து சதவீதம் கூட்ட வேண்டுமானால் ஏறத்தாழ அதே விகிதத்தில் காற்று கூட வேண்டும், அதற்கேற்ற பெட்ரோலும் சேர வேண்டும். இல்லையேல் அதே ஆர்பிஎம்மில் உள்ள எரிப்பே திறமையாக நடக்க வேண்டும். அல்லது முறுக்குவிசை குறையாமல் எஞ்சின் இன்னும் வேகமாகச் சுழல வேண்டும். இவை தவிர வேறு பெரிய வழி இல்லை. எந்த விளம்பரத்தையும் முதலில் இந்தக் கணக்கில் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஏர் ஃபில்டர் இந்தக் கணக்கில் முதலிலேயே தோற்றுவிடுகிறது. சுத்தமான அசல் ஃபில்டரைக் கடக்கும்போது, முழு ஓட்டத்திலும் காற்று இழக்கும் அழுத்தம் பொதுவாக ஒரு கிலோபாஸ்கல் அளவில்தான் இருக்கும். வளிமண்டல அழுத்தம் 101 கிலோபாஸ்கல். அப்படியானால் ஃபில்டரையே கழற்றி எறிந்தாலும் கிடைப்பது ஒரு சதவீதம், கிளாசிக் 350 கணக்கில் 0.2 பிஎச்பி. ஆக்சிலரேட்டரைப் பாதி மட்டும் முறுக்கி ஓட்டும்போது அதுவும் கிடையாது. அப்போது காற்றை மறிப்பது பாதி மூடிய த்ராட்டில் வால்வுதான், ஃபில்டர் அல்ல. ஏர்பாக்ஸையே எடுத்துவிட்டுத் திறந்த கூம்பு ஃபில்டர் மாட்டுவது இதைவிட மோசம். எஞ்சினைச் சுற்றியுள்ள சூடான காற்று நேராக உள்ளே போகிறது. காற்றின் வெப்பம் பத்து டிகிரி கூடினால் அதன் அடர்த்தி மூன்று சதவீதத்துக்கு மேல் குறையும். போட்ட பணத்துக்கு வந்த சொற்ப லாபமும் அங்கேயே போய்விடும். அடைத்துப்போன ஃபில்டரை மாற்றினால் வண்டியில் வித்தியாசம் தெரிவது உண்மைதான். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் கார்களில் நடத்திய சோதனையிலும், அடைத்த ஃபில்டரை மாற்றியதும் பிக்கப் கூடியது. ஆனால் அது புது அசல் ஃபில்டரும் தரும் பலன்தான்.

சைலன்சர் விஷயம் சற்றுச் சிக்கலானது. எக்ஸாஸ்ட் வால்வு திறந்ததும் வெளியேறும் வாயு ஓர் அழுத்த அலையாகக் குழாயில் ஓடுகிறது. குழாய் விரியும் இடத்தை அடைந்ததும் அது உறிஞ்சும் அலையாகத் திரும்பி வருகிறது. இரண்டு வால்வுகளும் கொஞ்சம் திறந்திருக்கும் நொடிப்பொழுதில் அது வந்து சேர்ந்தால், எஞ்சிய புகையை வெளியே இழுத்துப் புதுக் கலவையை உள்ளே கொண்டுவரும். எந்த ஆர்பிஎம்மில் இந்தப் பொருத்தம் அமைகிறது என்பதைக் குழாயின் நீளமும் அகலமும் தீர்மானிக்கின்றன. ‘வண்டிக்குக் கொஞ்சம் பேக் பிரஷர் வேண்டும்’ என்று மெக்கானிக்குகள் சொல்வதும், தடையே இல்லாத குழாய்தான் சிறந்தது என்று விளம்பரம் சொல்வதும் ஒரே அளவுக்குத் தவறு. தடையால் எந்த நன்மையும் இல்லை. அலையின் நேரம்தான் முக்கியம். கிளாசிக் 350 தன் உச்ச முறுக்குவிசையான 27 நியூட்டன் மீட்டரை 4,000 ஆர்பிஎம்மிலேயே தருகிறது. நகரத்தில் வண்டி ஓடுவது பெரும்பாலும் அந்த எல்லைக்குள்தான். ஃப்ரீஃப்ளோ சைலன்சர் போட்டு 6,000-க்கு மேல் அரை பிஎச்பி வந்து, 3,500-இல் அதே அளவு போனால், விளம்பரம் முதல் எண்ணை மட்டும் அச்சிடும்; ஓட்டுபவர் இரண்டாவது எண்ணோடுதான் தினமும் வேலைக்குப் போய்வருவார். பிஎஸ்6 மாசு விதிப்படி வந்த பல வண்டிகளில், புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிடிக் கன்வெர்டர் பெண்ட் பைப் பக்கமே அமைந்திருக்கிறது. அவற்றில் பின்பாதிச் சைலன்சரை மட்டும் மாற்றுவதால் பெரிய தடை இருந்த இடத்திலேயே இருக்கிறது, சத்தம் மட்டும் விடுதலையாகிறது.

இசியூவைத் தொடாமல் சைலன்சரையும் ஃபில்டரையும் மாற்றினால் வேறொரு பிரச்சினை வரும். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 வந்தபின் வந்த ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் வண்டிகள், நிதானமாக ஓடும்போது எக்ஸாஸ்டில் உள்ள ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்து, ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற விகிதத்துக்குக் கலவையை இழுத்துக்கொள்கின்றன. ஆக்சிலரேட்டரை முழுதாக முறுக்கும்போது, ஏற்கெனவே பதிந்துவைத்த அட்டவணைப்படி பெட்ரோல் தெளிக்கின்றன. உச்ச சக்திக்கு 12.5 முதல் 13 வரையிலான விகிதம் வேண்டும். காற்று கூடி, அட்டவணை பழையதாகவே இருந்தால் கலவை மெலிகிறது. சூடு ஏறுகிறது, சக்தி குறையவும் செய்யும். இதைச் சரிசெய்வதில், அந்த அட்டவணையை மாற்றி எழுதும் இசியூ மேப்பிங்குக்கு உண்மையான பயன் உண்டு. ஆனால் இசியூவோடு இணைக்கும் பெட்டி பெரும்பாலும் பொதுவான ஒரு மேப்போடு விற்கப்படுகிறது. அந்த வண்டியை, அந்தச் சைலன்சரோடு, சக்தியை அளக்கும் டைனோவில் ஏற்றிச் சரிபார்க்காத மேப்பிங் வெறும் ஊகம்.

ஸ்பார்க் ப்ளக்கும் விலை கூடிய பெட்ரோலும் இந்த வரிசையில் ஆகப் பலவீனமானவை. கிளாசிக் 350 முழுச் சக்தியில் ஓடும்போது ஒவ்வொரு வெடிப்பிலும் எரியும் பெட்ரோல் ஆயிரம் ஜூலுக்கு மேல் வெப்பம் தருகிறது. ப்ளக்கின் பொறியோ ஒரு ஜூலில் இருபதில் ஒரு பங்கு அளவுதான். தீயை மூட்டுவது மட்டுமே அதன் வேலை. கலவை ஒழுங்காகப் பற்றுகிறது என்றால், எந்த உலோகத்தின் முனை அதைப் பற்றவைத்தது என்பதை பிஸ்டன் அறியாது. இரிடியம் முனை நீண்ட காலம் தேயாமல் உழைக்கும், குளிரில் எளிதாகப் பற்றவைக்கும். வாங்க வேண்டுமானால் அதற்காக வாங்கலாம். பிளவுபட்ட முனை கொண்ட ஸ்ப்ளிட்ஃபயர் ப்ளக்குகள் சக்தியையும் மைலேஜையும் கூட்டும் என்ற விளம்பரத்துக்கு ஆதாரம் இல்லை என்று அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 1997-இல் நடவடிக்கை எடுத்தது. அதே ஆண்டு, பெரும்பாலான கார்களுக்குச் சாதாரண ஆக்டேன் பெட்ரோலே சரியானது என்று விளம்பரம் செய்ய எக்ஸான் நிறுவனத்தையும் அந்த ஆணையம் ஒப்புக்கொள்ள வைத்தது. அழுத்தத்தில் தானாக வெடித்துவிடாமல் தாங்கும் தன்மையையே ஆக்டேன் எண் குறிக்கிறது. அதில் கூடுதல் எரிசக்தி எதுவும் இல்லை. இந்தியன் ஆயில் 2020 டிசம்பரில் கொண்டுவந்த 100 ஆக்டேன் பெட்ரோல், அழுத்த விகிதம் மிகக் கூடிய எஞ்சினுக்கும், நாக் சென்சார் கொண்டு இக்னிஷனை முன்தள்ளும் எஞ்சினுக்கும் உதவும். 9.5-க்கு ஒன்று என்ற அழுத்த விகிதம் கொண்ட கிளாசிக்கில் அதை ஊற்றுவதால் பெட்ரோல் பங்க்காரருக்குத்தான் லாபம்.

அப்படியானால் டைனோ வரைபடங்கள் எப்படி ஏறுமுகமாக வருகின்றன? அளக்கும் விதத்தில் அதற்கு நிறைய இடம் இருக்கிறது. நிறுவனங்கள் சொல்வது கிராங்க் ஷாஃப்ட்டில் அளந்த சக்தி. கியரும் செயினும் டயரும் தின்றது போகப் பின்சக்கரத்தில் அதில் பத்து முதல் பதினைந்து சதவீதம் குறைவாகத்தான் வரும். இரண்டையும் கலந்து பேசினால் எந்த எண்ணும் வரும். வானிலையை ஈடுகட்டப் பயன்படும் திருத்தச் சூத்திரங்களிலும் வேறுபாடு உண்டு. வாகனப் பொறியாளர் அமைப்பான எஸ்ஏஇயின் பழைய எஸ்டிடி சூத்திரம், அதே அமைப்பின் ஜே1349-ஐவிடச் சுமார் நான்கு சதவீதம் கூடுதலாகக் காட்டும். ஒரு ஃபில்டரின் முழு வாக்குறுதியே ஏறக்குறைய அவ்வளவுதான். முதல் ஓட்டத்தை எஞ்சின் ஆயில் சூடேறும் முன்பும், இரண்டாவதை முழுச் சூட்டிலும் எடுக்கலாம்; ரோலர் மீது வண்டியைக் கட்டும் பெல்ட்டைத் தளர்த்தலாம், டயரில் காற்றைக் கூட்டலாம். எந்தப் பாகமும் மாற்றாமலேயே எண் நகரும். போதாததற்கு ‘வரை’ என்ற சொல் இருக்கிறது. ‘10 சதவீதம் வரை’ என்ற வாக்கியத்தை ஒரு சதவீதமும் பொய்யாக்காது.

‘ஆனால் வண்டி மாறியது தெரிகிறதே’ என்பது வாங்கியவர்களின் இறுதி வாதம். தெரிவது உண்மை, அது சக்தி அல்ல. சத்தம் கூடியதும் அதே வேகம் அதிகமாகத் தோன்றுகிறது. பணம் கொடுத்தவர் சற்று அதிகமாகவே முறுக்கிப் பார்க்கிறார். முன் ஸ்ப்ராக்கெட்டில் 15 பல்லுக்குப் பதில் 14 பல் போட்டால் பின்சக்கரத் தள்ளுவிசை ஏழு சதவீதம் கூடும், பிக்கப் நன்றாகவே தெரியும். எஞ்சினின் சக்தியோ இம்மியும் மாறியிருக்காது. அதே வேகத்துக்கு எஞ்சின் ஏழு சதவீதம் அதிகமாகச் சுழலும், அவ்வளவே. கனமான அசல் சைலன்சருக்குப் பதில் நான்கு கிலோ குறைந்த ஒன்று வந்தால், ஆளோடு சேர்த்து 270 கிலோ உள்ள வண்டியில் ஒன்றரை சதவீத எடை குறைகிறது. பல சைலன்சர்களில் உருப்படியான லாபம் அதுதான், அதை யாரும் விளம்பரப்படுத்துவதில்லை. உச்ச வேகத்தில் ஏமாற்றம் இன்னும் தெளிவு. காற்றின் எதிர்ப்பைச் சமாளிக்க வேண்டிய சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். சக்தி ஐந்து சதவீதம் உண்மையாகவே கூடினாலும் 115 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி 117-ஐத்தான் எட்டும். ஸ்பீடோமீட்டரின் வழக்கமான மிகைக் காட்டல் அதைவிட அதிகம்.

பந்தய வண்டிகள் சக்தி பெறுவதில்லையா என்று கேட்கலாம். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்திலும் கோவை கரி ஸ்பீட்வேயிலும் ஓடும் வண்டிகளில் சக்தி கூட்டப்படுவது உண்மை. அங்கே ஹெட்டைக் குடைந்து போர்ட்டைத் திருத்துகிறார்கள், கேமை மாற்றுகிறார்கள், அழுத்த விகிதத்தை ஏற்றுகிறார்கள், விதி அனுமதித்தால் சிலிண்டரின் போரைப் பெரிதாக்குகிறார்கள். கடைசியில் எல்லாவற்றுக்கும் சேர்த்து மேப் எழுதுகிறார்கள். காற்று உள்ளே வரும் வாசலிலிருந்து வெளியேறும் முனைவரை ஒவ்வொரு தடையையும் ஒன்றாகத் திறப்பதால்தான் அங்கே ஃப்ரீஃப்ளோ குழாய்க்கு வேலை இருக்கிறது. அதன் விலையாக எஞ்சினை அடிக்கடி பிரிக்கிறார்கள், மெதுவான ஓட்டத்தில் முரண்டு பிடிப்பதைப் பொறுத்துக்கொள்கிறார்கள். அந்தத் தொகுப்பிலிருந்து ஒரு குழாயை மட்டும் உருவி அலுவலகம் போகும் வண்டியில் மாட்டிவிட்டுப் பந்தயப் பலனை எதிர்பார்ப்பது வீண்.

சக்தி கூடும் என்று சொல்லி விற்பவர் சில விவரங்களைத் தந்தாக வேண்டும்: அளந்தது கிராங்க்கிலா சக்கரத்திலா, எந்தத் திருத்தச் சூத்திரம், ஒரே நாளில் ஒரே டைனோவில் மாற்றத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த பல ஓட்டங்கள், உச்சப் புள்ளி மட்டுமின்றி 2,500 ஆர்பிஎம் முதல் முழு வரைபடம். அசல் பாகத்தைத் திரும்ப மாட்டினால் பழைய எண் திரும்ப வருகிறதா என்பதையும் காட்ட வேண்டும். இவை இல்லாத சதவீதத்துக்கு மதிப்பில்லை. வாங்குபவர் பக்கம் மீதமிருப்பது வாரண்டி இழப்பும் சட்டமும். 175 சிசிக்கு மேற்பட்ட இருசக்கர வாகனத்துக்கு ஒலி வரம்பு 80 டெசிபல். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் நிறுவனத்தின் அசல் அமைப்போடு முரண்படும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப்பின் அப்படிப்பட்ட ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். அதே பணத்தில் நல்ல டயர், செயின் செட், புது பிரேக் பேட், நேரத்துக்கு ஒரு சர்வீஸ் என்று செய்துகொண்டால், எஞ்சின் ஏற்கெனவே தரும் சக்தி குறையாமல் சாலையில் இறங்கும்.