பரந்தனில் பற்றறி பிறக்குமா?

சென்ற மாதம் ஒரு நாள் கிளிநொச்சிச் சந்தைக்கு அருகிலுள்ள தேநீர்க் கடையொன்றில் மழைக்கு ஒதுங்கியிருந்தேன். கண்டி வீதியிலே மின்சார மோட்டார்க் கார் ஒன்று ஓசையின்றி வழுக்கிச் சென்றது. அதனைக் கண்ட கடைக்காரர், "மாஸ்டர், இந்தக் காருக்கு வேண்டிய பற்றறியெல்லாம் இனி எங்கட பரந்தனிலதானாம் செய்யப் போறாங்கள்" என்றார். யார் சொன்னது என்று வினவினேன். "எல்லாரும்தான் சொல்லினம்" என்றார். எல்லாரும் சொல்லும் செய்திக்கு முதலிற் சொன்னவர் எவரும் அகப்படார் என்பது இவ்வூர்ச் செய்திகளின் பொது இலக்கணம்.

எனினும் இவ்வதந்திக்கு வித்து அறவே இல்லையென்று கூற முடியாது. 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்திலே, காங்கேசன்துறை, மாங்குளம் முதலிய இடங்களோடு பரந்தனும் இரசாயனக் கைத்தொழிற் பேட்டைக்குரிய இடமாகக் குறிக்கப்பட்டது. அதே ஆண்டு பெப்ரவரியில், 2020 முதல் நிலவிய வாகன இறக்குமதித் தடை நீங்கியது. மின்சாரக் கார்கள் வடக்கு நோக்கியும் ஓடிவரத் தொடங்கின. இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டது கடைத்தெருவின் கைவண்ணம். படித்தவர் சிலர் இதனைக் கேட்டு நகைக்கின்றனர். எனக்கு நகைக்க மனம் வரவில்லை. ஏனெனில், பற்றறி என்ற சொல் இம்மண்ணிலே வேறு ஓசை உடையது.

தொண்ணூறுகளில் வன்னிக்குள் வரத்தகாத பொருள்களின் பட்டியலிலே எரிபொருளோடு மின்கலமும் இருந்ததை இளைஞர் அறியார். மின்விளக்கில்லாத அவ்வாண்டுகளில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதியைச் சுழற்ற, டைனமோவிலிருந்து பிறந்த மின்சாரத்தில் மற்றவர் வானொலிச் செய்தி கேட்டோம். செத்துப்போன மின்கலங்களை வெயிலிற் காயவைத்தோம். ஆணியால் துளையிட்டு உப்புநீர் வார்த்து இன்னும் ஒரு மணி நேரம் உயிர்ப்பித்தோம். சிறு துளி பெற்றோலைக் காட்டி ஏமாற்றி, மண்ணெண்ணெயில் மோட்டார்ச் சைக்கிளை ஓடவைத்தோம். கைவிளக்கின் மின்கலத்துக்கு ஏங்கிய ஊர், கார் ஓட்டும் மின்கலத்தைப் பற்றிக் கனவு காண்பதில் என்ன குற்றம்? குற்றம் கனவில் இல்லை. கனவு காண்பவர் கேட்க வேண்டிய வினாக்களைக் கேளாதிருப்பதில்தான் உண்டு என்பது என் துணிபு.

பரந்தனுக்கு இக்கனவு முதற்கனவும் அன்று. ஐம்பதுகளிலே எழுந்த இரசாயனத் தொழிற்சாலை அங்கு இருந்தது. ஆனையிறவு உப்பைக் கரைத்து, அக்கரைசலில் மின்சாரம் பாய்ச்சி, எரிசோடாவையும் குளோரீனையும் பிரித்தெடுத்தார்கள். உள்ளூர் உப்பு, உள்ளூர்த் தொழிலாளர், நாடெங்கும் தேவைப்பட்ட பொருள்: இம்மூன்றும் ஓரிடத்தில் கூடியது சிறிய காரியமா? எண்பதுகளிலே போர் அதனை மூடிற்று; பின்னர் அடியோடு சிதைத்தது. இன்று பரந்தனின் பெயர் தாங்கிய அரச நிறுவனம் குளோரீனை வெளிநாட்டிலிருந்து தருவித்து நீர் சுத்திகரிப்புக்கு வழங்கி வருகின்றது. பெயர் மட்டும் உத்தியோகத்தில் இருக்க, ஊர் ஓய்வு பெற்றுவிட்டது.

இனி, பற்றறிக்கு வருவோம். இன்றைய மின்சாரக் கார்களிற் பெரும்பாலானவை இலிதியம் பற்றறியால் ஓடுகின்றன. இலிதியம் நம் நாட்டிலே எடுக்கப்படுவதில்லை. ஆனால், மின்னேற்றும் வேளையில் இலிதியம் வந்து தங்கும் முனை காரீயத்தால் ஆனது. காரீயமோ போகலையிலும் கஹட்டகஹவிலும் நரம்பு நரம்பாக, உலகத்தார் மெச்சும் தூய்மையோடு கிடைக்கின்றது. இதைச் சொல்லிப் பெருமைப்படாத அரசியல்வாதி இலர். ஆயினும், மண்ணிலிருந்து வந்த காரீயம் அப்படியே பற்றறிக்குள் போவதில்லை. நூற்றுக்கு 99.95 பங்கு தூய்மையாக்கி, நுண்ணிய உருண்டைகளாகத் திரட்டி, மேலே பூச்சும் பூச வேண்டும். அவ்வித்தையின் பெரும்பகுதி இன்று சீனரின் கையில் இருக்கின்றது. புல்மோட்டை இல்மனைற்றை வாரி வாரி மணலாகவே ஏற்றுமதி செய்து பழகிய நமக்கு இதன் பொருள் விளங்காமற் போகாது.

எனக்கு ஆசை காட்டுவது வேறொன்று. சீனாவின் சீ.ஏ.ரி.எல். நிறுவனம் 2021இல் சோடியம் பற்றறியை அறிமுகஞ் செய்தது. உப்பின் பாதி சோடியமல்லவா? ஆனையிறவு நினைவுக்கு வந்தது! மேலும், அப்பற்றறியிலே காரீயம் நன்கு பயன்படாது. வன்கரி என்னும் ஒருவகைக் கரி வேண்டும். அதனைத் தேங்காய்ச் சிரட்டையிலிருந்தும் ஆக்கலாம். பளையில் தென்னை, ஆனையிறவில் உப்பு, அருகிலே பரந்தன்! ஓரிரவு இவ்வெண்ணத்தால் உறக்கமே வரவில்லை.

காலையில் அறிவு விழித்துக்கொண்டது. பற்றறியின் விலையிலே உப்பின் பங்கு மிகச் சொற்பம். உப்பு இருக்கும் இடத்துக்கெல்லாம் பற்றறித் தொழிற்சாலை வருவதாயின் உலகின் கடற்கரை முழுவதும் தொழிற்சாலையாகியிருக்கும். 2025இல் மழையாற் கெட்ட உப்புக்காக இந்தியாவிடம் கையேந்திய நாடு நாம் என்பதையும் மறத்தலாகாது. பற்றறி செய்யும் இடத்துக்கு முதலில் வேண்டியது காற்றிலே ஈரமில்லாத அறை, அறுபடாத மின்சாரம், பிழையின்றி ஒரே வேலையைச் செய்யும் பயின்ற கைகள். சுவீடன் தேசத்து நோர்த்வோல்ற் நிறுவனம் கோடி கோடியாகப் பணம் பெற்றும், வடதிசை நகரொன்றில் மாபெரும் தொழிற்சாலை அமைத்தும், குறித்த அளவு நல்ல மின்கலங்களைச் செய்து தர இயலாமல் 2025 மார்ச்சில் வங்குரோத்தாயிற்று. பணமும் மின்சாரமும் இருந்த இடத்திலேயே கைப்பழக்கம் போதவில்லை. 2024இல் தென்கொரியாவின் ஹ்வாசொங் நகரிலே இலிதியம் மின்கலத் தொழிற்சாலை தீப்பற்றி இருபத்துமூவர் மாண்டனர். அவர்களிற் பெரும்பாலோர் வேற்று நாட்டிலிருந்து கூலிக்கு வந்தவர்கள். தொழிற்சாலையென்றால் நம் பிள்ளைகளுக்கு வேலை என்று மட்டும் எண்ணுவோர் இச்செய்தியையும் வாசித்தல் வேண்டும்.

ஆதலால், "வருமா?" என்பதை நான் முதல் வினாவாகக் கொள்ளேன். வருவது எது? மின்கலத்தையே ஆக்கும் தொழிலா, அன்றி வெளிநாட்டு மின்கலங்களைப் பெட்டியில் அடுக்கித் திருகாணி முடுக்கும் தொழிலா? முன்னையது என்று மேடையிற் கூறிப் பின்னையதைத் திறந்துவைத்தால் நாம் கைதட்டிவிட்டு வந்துவிடுவோம். நீர் எங்கிருந்து எடுப்பார்கள்? இரணைமடு நீரை யாழ்ப்பாணத்தார் குடிப்பதற்குத் தருவதா என்பதிலேயே எங்கள் விவசாயிகள் ஆண்டுக்கணக்காக வழக்காடினார்கள். தாளையடியிற் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024இல் திறக்கப்பட்ட பின்னரே அப்பிணக்கு ஒருவாறு தணிந்தது. கழிவு எங்கே போகும்? சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்த கதை 2019இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பாயிற்று. வன்னியின் கிணறுகளுக்கும் அத்தகைய தீர்ப்பொன்று வேண்டுமா?

என் கருத்தைக் கேட்டால், சிறிதிலிருந்து தொடங்குவேன். அறிவியல் நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருக்கின்றது. ஜேர்மனியர் உதவியுடன் 2016இல் திறக்கப்பட்ட தொழிற்பயிற்சி நிலையமும் இருக்கின்றது. 2015ஆம் ஆண்டளவில் நாட்டுக்குள் வந்த பழைய மின்சாரக் கார்களின் பற்றறிகள் இளைத்துப்போய்க் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்து, நல்ல மின்கலத்தையும் கெட்டதையும் தெரிந்து, சூரிய ஒளி மின்சாரத்தைச் சேமிக்கும் பெட்டிகளாக்கும் தொழிலை நூறு இளைஞருக்குப் பழக்கலாம். சிரட்டைக் கரியைச் சுட்டுப் பதம் பார்க்கும் சோதனைக் கூடம் ஒன்றும் பல்கலைக்கழகத்தில் அமையலாம். இதற்குப் பெருமுதலாளி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நாளை பெருந்தொழிற்சாலை வந்தால் எங்கள் பிள்ளைகள் அதன் வாயிற்காவலராக மட்டும் நுழையாமல், உள்ளே பொறிக்கு முன்னால் நிற்பார்கள். பழைய பரந்தன் தொழிற்சாலையில் இயந்திரங்கள் அழிந்ததைக் காட்டிலும், அவற்றை அறிந்த மனிதர் திசைதிசையாகச் சிதறியதே பேரிழப்பு என்று நான் கருதுகின்றேன்.

மழை விட்டதும் கடைக்காரர் என்னிடம், "அப்ப மாஸ்டர், வரும் எண்டு சொல்லுறியளோ, வராது எண்டு சொல்லுறியளோ?" என்று கேட்டார். அவருடைய மகன் பயிற்சி நிலையத்திற் சேர மனுப் போட்டிருக்கிறான். அவனை முதலிற் சேர்த்துவிடுங்கள் என்றேன். பேட்டைக்குரிய திட்டம் எப்போதாவது கையெழுத்தாகுமானால், நாளொன்றுக்கு எத்தனை லீற்றர் நீர், எத்தனை உள்ளூர்த் தொழிலாளர், கழிவு எந்த வாய்க்காலில் என்ற மூன்று விவரங்களையும் தெளிந்த தமிழில் அச்சடித்துப் பிரதேச செயலகத்துச் சுவரில் ஒட்டட்டும். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதலாளாகப் போய் வாசிப்பேன்.