நின்றால் கொதிக்கும் புல்லட்: கன்டெய்னர் வரிசையில் ஆயிலுக்கு என்ன ஆகிறது?

காலை ஷிப்ட் நேரத்தில் வள்ளூர் வழியாக பைக்கில் போகிறவர்களுக்கு இந்தக் காட்சி பழகிப்போன ஒன்று. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். கிடைத்த சந்தில் பைக்குகள் ஊர்ந்து போகும். பத்து அடி நகர்ந்தால் ரெண்டு நிமிஷம் நிற்க வேண்டும். அந்தக் கூட்டத்தில் புல்லட் ஓட்டுபவருக்கு மீட்டரே தேவையில்லை. இன்ஜின் எவ்வளவு சூடு என்பதை அவருடைய முழங்காலே சொல்லிவிடும்.

"ஏர் கூல்டு வண்டி சார், அப்படித்தான் சூடாகும்" என்பது மெக்கானிக் கடைகளில் வழக்கமாகக் கிடைக்கும் பதில். அது பாதி உண்மை. மீதிப் பாதி ஆயிலில் இருக்கிறது.

காற்று மட்டுமா குளிர்விக்கிறது?

பெட்ரோல் எரிந்து கிடைக்கும் ஆற்றலில் பெரும்பங்கு சக்கரத்துக்குப் போவதில்லை, சூடாகத்தான் வெளியேறுகிறது. ஒரு பகுதி சைலன்சர் வழியாகப் போய்விடும். மீதியை வெளியேற்றத்தான் சிலிண்டரைச் சுற்றி அடுக்கடுக்காகத் தகடுகள் இருக்கின்றன. ஓடும்போது அடிக்கும் காற்று அவற்றில் உள்ள சூட்டை இழுத்துக்கொண்டு போகும்.

ஆனால், பிஸ்டனுக்கு அடியிலோ கிராங்க் பேரிங்கிலோ வெளிக்காற்று நுழைய முடியாது. அங்கிருந்து சூட்டை வாங்கி வருவது ஆயில்தான். ஏர் கூல்டு என்று அழைக்கப்படும் இன்ஜின், உண்மையில் பாதி ஆயில் கூல்டு.

போர்ஷேவுக்கு உண்டு, புல்லட்டுக்கு இல்லை

உலகின் மிகப் பிரபலமான ஏர் கூல்டு ஸ்போர்ட்ஸ் கார் போர்ஷே 911. 1963இல் அறிமுகமாகி, 1998 வரை தண்ணீர் இல்லாத இன்ஜினோடுதான் வந்தது. அதில் இன்ஜின் சுற்றும்போதே ஒரு பெரிய ஃபேனும் சுற்றும். கார் சிக்னலில் நின்றாலும் காற்று நிற்காது. போதாததற்கு ஆயில் கூலரும் உண்டு. நம்ம ஊர் ஆக்டிவாவிலும் இன்ஜினோடு சுற்றும் ஃபேன் இருக்கிறது.

புல்லட்டில் ஃபேன் கிடையாது. வண்டி ஓடினால்தான் காற்று. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ், இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் இருந்த ராயல் என்ஃபீல்டுடன் கைகோத்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. தொழிற்சாலை அமைந்தது இதே வடசென்னையில், திருவொற்றியூரில். அந்தக் காலத்துச் சாலைக்கு அந்த வடிவமைப்பு பொருந்தியது. பின்னாளில் அந்த நிறுவனமே 2016இல் ஹிமாலயனிலும், 2018இல் 650 சிசி மாடல்களிலும் ஆயில் கூலர் வைத்தது. 2023இல் வந்த புதிய ஹிமாலயன் லிக்விட் கூல்டாகவே மாறிவிட்டது.

சூடானால் ஆயில் என்ன ஆகும்?

15W-50 என்று டின்னில் போட்டிருப்பதில், 15W என்பது குளிர்ந்த நிலையில் ஆயில் எப்படி ஓடும் என்பதற்கான குறியீடு. 50 என்பது 100 டிகிரி செல்சியஸில் அதன் கெட்டித்தன்மைக்கானது. சூடு அதைத் தாண்டி ஏற ஏற ஆயில் நீர்த்துக்கொண்டே போகும். உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவே இருக்கும் படலம் மெலியும்.

இன்னொரு பக்கம், ஆயில் ஆக்சிஜனோடு சேர்ந்து கெடத் தொடங்கும். ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் இந்தக் கெடுதல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகும் என்பது பொறியாளர்கள் பயன்படுத்தும் தோராயக் கணக்கு. பிக்கப் குறைவது, டாப்பெட் சத்தம் கூடுவது, நியூட்ரல் விழ அடம்பிடிப்பது எல்லாம் முன்னறிவிப்புகள். கண்டுகொள்ளாமல் விட்டால் கடைசியில் இன்ஜின் சீஸ்!

கிலோமீட்டரில் வராத கணக்கு

ஆயில் மாற்ற நாம் பார்ப்பது கிலோமீட்டரை. அரை மணி நேரம் வரிசையில் நின்றால் ஓடோமீட்டரில் ஒரு கிலோமீட்டர்கூட ஏறியிருக்காது. ஆனால், ஆயில் அந்த அரை மணி நேரமும் வெந்துகொண்டுதான் இருக்கும். நெடுஞ்சாலையில் ஓடும் புல்லட்டுக்கும், தினமும் வள்ளூரில் ஊரும் புல்லட்டுக்கும் ஒரே கணக்கு சரிவராது. இங்கே ஓட்டுபவர்கள் குறித்த கிலோமீட்டருக்கு முன்பே ஆயிலை மாற்றுவதுதான் நல்லது.

என்ன செய்யலாம்?

• வரிசை நகரவில்லை என்று தெரிந்தால் இன்ஜினை ஆஃப் செய்யுங்கள். இதைவிட மலிவான கூலிங் கிடையாது.

• ஹாஃப் கிளட்ச்சில் ஊராதீர்கள். இப்போதைய மாடல்களில் கிளட்ச்சும் இன்ஜின் ஆயிலில்தான் நனைகிறது. அந்த உராய்வுச் சூடும் நேராக ஆயிலுக்கே போகும்.

• வாரம் ஒருமுறை ஆயில் அளவைப் பாருங்கள். வண்டியை நேராக நிறுத்திப் பார்க்க வேண்டும். ஆயில் குறைந்தால், இருக்கிற கொஞ்சத்தின் மேல் எல்லாச் சூடும் ஏறும்.

• "கெட்டியா ஊத்தினா சூடாகாது" என்பதை நம்பாதீர்கள். தேவைக்கு மேல் கெட்டியான ஆயில் உராய்வைக் கூட்டும். மேனுவலில் சொன்ன கிரேடு போதும்.

• தகடுகளுக்கு நடுவே சேரும் புழுதியும் சேறும் போர்வை மாதிரி. இன்ஜின் ஆறிய பிறகு கழுவுங்கள். கிராஷ் கார்டில் பை, ஷீட் கட்டிக் காற்றை மறைக்காதீர்கள்.

ஆயில் கூலர் மாட்டினால்?

வெளியில் வாங்கிப் பொருத்தும் கூலருக்கும் காற்று வேண்டும். ஓடும் வண்டியில் அது உதவும். நிற்கும் வரிசையில் பெரிதாக எதுவும் செய்யாது. சரியாகப் பொருத்தாத குழாயில் கசிவு வந்தால், இருந்த ஆயிலும் போய்விடும்.

சாலைக்கும் பொறுப்பு உண்டு

இதெல்லாம் ஓட்டுபவர் செய்ய வேண்டியவை. ஆனால், சிக்கல் வண்டியில் மட்டும் இல்லை. அனல்மின் நிலையமும் துறைமுகமும் இருக்கும் இடத்துக்கு லாரி வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்த லாரிகள் காத்திருக்க சாலைக்கு வெளியே இடமும், துறைமுகத்துக்குள் போக நேர ஒதுக்கீடும் இருந்தால் வரிசை சாலையில் நிற்காது. அதுவரை, அந்தத் தாமதத்தின் ஒரு பங்கை வேலைக்குப் போகிறவர் தன் சம்பளத்தில் வாங்கும் ஆயில் டின்னாகக் கட்டிக்கொண்டிருக்கிறார். அவர் தன் வண்டியைப் பார்த்துக்கொள்வார். சாலையைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் அதைச் செய்யட்டும்.