பதக்கத்தைத் தட்டிப் பறித்த துப்பாக்கி!

2021-ம் ஆண்டு ஜூலை 25-ந் தேதி. ஜப்பான் நாட்டின் டோக்கியோ நகரில் ஒலிம்பிக் பந்தயம் நடந்துகொண்டிருந்தது. அரியானாவைச் சேர்ந்த மனு பாக்கர் என்ற பெண், 10 மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கிப் போட்டியில் இந்தியாவுக்காக நின்றார். அப்போது அவருக்கு வயது 19.

மொத்தம் 60 முறை சுட வேண்டும். அதற்கு 75 நிமிடம் கொடுப்பார்கள். பாதி கூட முடியவில்லை. துப்பாக்கி மக்கர் செய்துவிட்டது. விசைப் பகுதியில் கோளாறு! பழுது பார்க்க வெளியே எடுத்துக்கொண்டு ஓடினார்கள். கடிகாரம் யாருக்காகவும் நிற்கவில்லை. கால் மணி நேரத்துக்கு மேல் வீணாகப் போயிற்று. திரும்பி வந்த மனு, மூச்சு வாங்கக்கூட நேரம் இல்லாமல் மீதியைச் சுட்டு முடித்தார். 575 புள்ளி. 12-வது இடம். முதல் 8 பேருக்குத்தான் இறுதிச் சுற்று. இரண்டே இரண்டு புள்ளியில் வாய்ப்பு நழுவியது.

மூன்று ஆண்டுகள் சென்றன. 2024 ஜூலை 28. பாரிஸ் ஒலிம்பிக். அதே மனு, அதே போட்டி. இந்த முறை துப்பாக்கி சொன்னபடி கேட்டது. வெண்கலப் பதக்கம்! ஒலிம்பிக் துப்பாக்கி சுடுதலில் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவர்தான். இரண்டு நாள் கழித்து சரப்ஜோத் சிங்குடன் சேர்ந்து இன்னொரு வெண்கலமும் பெற்றார். அதே பாரிஸில், ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்த கோலாப்பூர்ப் பக்கத்து இளைஞர் சுவப்னில் குசாலேயும் 50 மீட்டர் ரைபிளில் வெண்கலம் வாங்கினார்.

அதிலிருந்து வீடு தோறும் ஒரு பேச்சு. "நம் பிள்ளையையும் துப்பாக்கி சுடச் சேர்த்தால் என்ன?" சேர்க்கலாம். ஆனால் அதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதிகள் சில உண்டு.

சட்டைப் பொத்தான் அளவு

பத்து மீட்டர் என்பது ஒரு நடுத்தர வீட்டின் வாசலிலிருந்து கொல்லைப்புறம் வரை உள்ள தூரம். அங்கே ஒரு அட்டை. அதன் நடுவில் 10 புள்ளிக்கு உரிய வட்டம். கைத்துப்பாக்கிக்கு அந்த வட்டத்தின் குறுக்களவு 11.5 மில்லிமீட்டர். ஒரு சட்டைப் பொத்தான் அளவு என்று வைத்துக்கொள்ளலாம். காற்று ரைபிளுக்கோ அரை மில்லிமீட்டர்தான்! பேனா முனையால் வைத்த புள்ளி.

துப்பாக்கியின் முன்னால் ஒரு குறிமுள், பின்னால் ஒரு பிளவு. இரண்டுக்கும் நடுவே சுமார் ஓர் அடி இடைவெளி. முள்ளும் பிளவும் ஒரே ஒரு மில்லிமீட்டர் பிசகி நின்றால், பத்து மீட்டர் தள்ளி இருக்கும் அட்டையில் குண்டு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் விலகிப் போகும். 10 புள்ளி கிடைக்க வேண்டிய இடத்தில் 7 அல்லது 6. முடிந்தது கதை!

ஆகையால்தான் இந்தப் பந்தயத்தில் துப்பாக்கியைக் கடையில் வாங்கி அப்படியே தூக்கிக்கொண்டு போக முடியாது. தையற்காரர் சட்டை தைப்பது போல, ஆளுக்குத் தக்கபடி அதைத் திருத்த வேண்டும்.

அரமும் உப்புத்தாளும்

முதல் காரியம் பிடி. பெரும்பாலும் அக்ரோட்டு மரத்தில் செய்கிறார்கள். சிறிய கை, நடுத்தரக் கை, பெரிய கை என்று அளவுகள் உண்டு. வலக்கை, இடக்கை என்றும் உண்டு. அதோடு நின்றுவிடுவதில்லை. வீரர் பிடியைக் கையில் எடுத்து, எங்கே உறுத்துகிறது, எங்கே இடைவெளி விழுகிறது என்று பார்ப்பார். உறுத்தும் இடத்தில் அரத்தால் ராவுவார்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார்கள். இடைவெளி உள்ள இடத்தில் மரவேலைக்குப் பூசும் பட்டியை வைத்து நிரப்புவார்கள். கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியை நீட்டி, பிறகு கண்ணைத் திறந்தால் முள்ளும் பிளவும் தாமாக ஒரே நேரில் நிற்க வேண்டும். அப்போதுதான் பிடி சரி.

ஆனால் ஒன்று. பிடி மணிக்கட்டைத் தாங்கிப் பிடிக்கக் கூடாது. கை தன் பலத்தில்தான் நிற்க வேண்டும். இது விதி.

விசைக்கும் விதி உண்டு. காற்றுக் கைத்துப்பாக்கியின் விசை குறைந்தது 500 கிராம் இழுப்பைத் தாங்க வேண்டும். நடுவர்கள் இதைச் சோதிக்கும் விதம் வேடிக்கையானது. துப்பாக்கியை மேல் நோக்கி நிறுத்தி, விசையில் 500 கிராம் எடைக்கல்லைத் தொங்கவிட்டுத் தூக்குவார்கள். விசை விடுபடக் கூடாது. விடுபட்டால் அந்தத் துப்பாக்கிக்குப் பந்தயத்தில் இடம் இல்லை. 25 மீட்டர் கைத்துப்பாக்கிக்கு இந்த எடை 1,000 கிராம். ரைபிளுக்கு இப்படி ஒரு கட்டுப்பாடு கிடையாது. இறகு பட்டாற்போல விசையை வைத்துக்கொள்ளலாம்.

விசையில் இரண்டு வகை. ஒன்று பழைய மாதிரி, சுருள்வில்லும் நெம்புகோலும் கொண்டது. இன்னொன்று மின் விசை. மின் விசை ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி விடுபடும் என்பது அதன் பெருமை. ஆனால் பாட்டரியும் நுண்ணிய மின்சுற்றும் இருப்பதால், கெட்டுப்போனால் களத்தில் வைத்துச் சரிசெய்வது லேசல்ல. டோக்கியோவில் மனு பட்ட பாட்டுக்குப் பிறகு இதைப் பற்றி எத்தனையோ வாதங்கள் நடந்தன. மின் விசையைக் குறை சொல்வது நியாயமாகத் தோன்றவில்லை. உலகத்தின் பெரிய வீரர்கள் பலர் அதைத்தான் பிடிக்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி வேறு. அதே அளவில் ராவிப் பழகிய இரண்டாவது துப்பாக்கி ஒன்றைத் தயாராக வைத்திருக்க ஒரு விளையாட்டுக்காரருக்கு வசதி இருக்கிறதா? ஒன்று வாங்கவே லட்சக் கணக்கில் செலவாகிறதே!

ரைபிளில் இன்னும் நுணுக்கம். கன்னம் படும் பலகை, தோளில் பதியும் தகடு, இடக்கை நிற்கும் கட்டை, சமநிலைக்கு மாட்டும் எடைகள் எல்லாவற்றையும் திருகாணி கொண்டு ஏற்றி இறக்கலாம். உடுப்புக்கும் அளவு உண்டு. ரைபிள்காரர்கள் அணியும் கனத்த கோட்டின் துணி 2.5 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருக்கக் கூடாது. துணியின் விறைப்பையும் கருவி வைத்து அளக்கிறார்கள். விறைப்பு மிஞ்சினால் கோட்டே ஆளைத் தாங்கி நிறுத்திவிடும் அல்லவா?

வெடிபந்தயத்தில், அதாவது பறக்கும் தட்டைச் சுடும் போட்டியில், கதையே வேறு. பாரிஸில் இந்த வகையில் இந்தியாவுக்காக நின்றவர் புதுக்கோட்டை அரச குடும்பத்தைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான். இந்தத் துப்பாக்கியில் பின் குறி கிடையாது. சுடுபவரின் கண்தான் பின் குறி! கட்டை அரை விரற்கடை நீளமானாலும் கன்னம் வேறு இடத்தில் பதியும், கண் மாறும், தட்டு தப்பிவிடும். ஆகவே கட்டையைக் கழுத்து நீளம், கை நீளம், கன்ன எலும்பு எல்லாம் அளந்து செதுக்குகிறார்கள்.

ஒரே தொழிற்சாலை, வேறு வேறு குணம்

துப்பாக்கி சரியாயிற்று. இனி தோட்டா. இங்கேதான் பாமரர் நம்பவே மாட்டாத விஷயம் இருக்கிறது.

காற்றுத் துப்பாக்கிக்குப் போடுவது இடுப்பு ஒடுங்கிய சின்ன ஈய ரவை. எடை சுமார் அரை கிராம். பெயரளவில் எல்லாம் 4.5 மில்லிமீட்டர்தான். ஆனால் டப்பாவைப் பார்த்தால் 4.48, 4.49, 4.50, 4.51 என்று போட்டிருக்கும். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வித்தியாசம்! ஒருவர் குழலுக்கு 4.49 பொருந்தும், பக்கத்தில் நிற்பவர் குழலுக்கு 4.50 பொருந்தும்.

50 மீட்டர் ரைபிள் தோட்டாவில் இது இன்னும் அதிகம். ஒரே தொழிற்சாலையில், ஒரே இயந்திரத்தில், ஒரே மாதிரி செய்தாலும், ஒவ்வொரு ஈட்டுத் தோட்டாவுக்கும் ஒரு குணம் உண்டு. எந்த ஈடு எந்தக் குழலுக்கு ஒத்துப்போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. சுட்டுப் பார்த்தால்தான் தெரியும். அதனால் பெரிய வீரர்கள் தங்கள் ரைபிளைத் தூக்கிக்கொண்டு இங்கிலாந்துக்கும் ஜெர்மனிக்கும் போகிறார்கள். அங்கே தோட்டாத் தொழிற்சாலையில் ரைபிளை அசையாதபடி இரும்புப் பிடியில் இறுக்கி, ஈடு ஈடாகச் சுட்டுப் பார்க்கிறார்கள். எந்த ஈட்டின் குண்டுகள் ஒரே துளையில் போய் விழுகின்றனவோ, அந்த ஈட்டை ஆயிரக் கணக்கில் வாங்கிக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள். ஏழை வீட்டுப் பிள்ளை என்ன செய்யும்? கிடைத்த தோட்டாவைப் போட்டுச் சுடும். பத்துக்குப் பதிலாக ஒன்பது விழுந்தால், கை பிசகியதா தோட்டா பிசகியதா என்று அதற்கே தெரியாது. பயிற்சியில் இதைவிடப் பெரிய கஷ்டம் இல்லை.

வேகத்திலும் ஒரு சூட்சுமம். ஒலி ஒரு விநாடியில் சுமார் 340 மீட்டர் போகும். பந்தயத் தோட்டாவை வேண்டுமென்றே அதற்குச் சற்றுக் குறைந்த வேகத்தில் போகும்படி செய்கிறார்கள். வேகம் கூடினால் நல்லதுதானே என்று தோன்றும். அதுதான் இல்லை. ஒலியை மிஞ்சிப் புறப்பட்ட குண்டு, வழியில் வேகம் தணிந்து ஒலியின் வேகத்தைக் கடக்கும்போது லேசாகத் தள்ளாடும். அந்தத் தள்ளாட்டத்தில் பதக்கம் போய்விடும்.

கண்ணாடிக்காரரும் கடன் ரைபிளும்

"பாரிஸில் துருக்கிக்காரர் ஒருவர் ஒன்றுமே இல்லாமல் ஜெயித்தாரே!" என்று சிலர் கேட்கலாம். யூசுப் டிகேச் என்ற 51 வயதுக்காரர் அவர். சாதாரண மூக்குக் கண்ணாடி. ஒரு கை கால்சட்டைப் பைக்குள். கலப்பு இரட்டையரில் வெள்ளிப் பதக்கம். அவர் படம் உலகம் முழுவதும் பரவிற்று. ஆனால் அவர் கையில் இருந்தது விளையாட்டுச் சாமான் அல்ல. விதிப்படி சோதித்த பந்தயத் துப்பாக்கிதான். அது அவருக்கு ஐந்தாவது ஒலிம்பிக் என்பதையும் படத்தைப் பார்த்தவர்கள் கவனிக்கவில்லை.

இதற்கு நேர் எதிர் உதாரணமும் உண்டு. அமெரிக்காவின் மாத் எம்மன்ஸ், 2004-ல் ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்குச் சில மாதங்கள் முன்பு தன் ரைபிளை எடுத்துப் பார்த்தார். யாரோ ஒரு பாதகர் அதை வேண்டுமென்றே பாழாக்கி வைத்திருந்தார். சக வீராங்கனை ஒருவரிடம் ரைபிளைக் கடன் வாங்கிக்கொண்டு ஏதென்ஸ் போனார். படுத்துச் சுடும் போட்டியில் தங்கம் வாங்கினார்! அடுத்த போட்டியிலும் தங்கம் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. கடைசிக் குண்டைப் பக்கத்து ஆள் அட்டையில் சுட்டுவிட்டார். பூஜ்யம். எட்டாவது இடத்துக்கு இறங்கினார். துப்பாக்கி என்ன செய்யும், பாவம்!

பணமும் சட்டமும்

நம் நாட்டில் தேசிய ரைபிள் சங்கம் 1951-ல் ஏற்பட்டது. முதல் மக்களவையின் சபாநாயகர் மாவ்லங்கர் அதற்குத் தலைவராக இருந்தார். வெகு காலம் இது ராஜாக்களும் ராணுவத்தாரும் ஆடும் ஆட்டமாக இருந்தது. இன்று அப்படி இல்லை. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் காற்று ரைபிளில் இரண்டு ஒலிம்பிக் பார்த்துவிட்டார்.

ஆனாலும் செலவு குறையவில்லை. நல்ல பந்தயத் துப்பாக்கிகள் பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்து வருகின்றன. 2025 செப்டம்பர் 22-ந் தேதி அமலுக்கு வந்த மாற்றத்தில் ரிவால்வர், பிஸ்டல் இனத்தின் மீதான ஜி.எஸ்.டி. வரி 28 சதவீதத்திலிருந்து 40 சதவீதம் ஆயிற்று. புகையிலை, பான் மசாலா, உல்லாசப் படகு ஆகியவற்றோடு ஒரே வரிசை! 25 மீட்டர் போட்டிக்கு வேண்டிய கைத்துப்பாக்கி இந்த இனத்தைச் சேர்ந்தது. காற்றுத் துப்பாக்கி வேறு தலைப்பில் வருகிறது. சொகுசுக்கு வரி போடுவது சரி. விளையாட்டுக் கருவியையும் அதே தராசில் நிறுத்தினால், பதக்கம் வசதி உள்ள வீட்டுக்கே போய்ச் சேரும்.

லைசென்ஸ் விஷயத்திலும் வித்தியாசம் உண்டு. வெடிமருந்துத் துப்பாக்கி எதுவாக இருந்தாலும் லைசென்ஸ் கட்டாயம். சாதாரணமாக 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். 2019-ம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. விளையாட்டு வீரர்களுக்குத் தனிச் சலுகை உண்டு. 4.5 மில்லிமீட்டர் காற்றுத் துப்பாக்கிக்கு, அதன் சக்தி 20 ஜூலுக்கு மேற்படாவிட்டால், லைசென்ஸ் வேண்டாம். பந்தயத் துப்பாக்கியின் சக்தி அதில் பாதிகூட இராது.

பிள்ளையைச் சேர்க்க நினைக்கும் பெற்றோர் முதல் நாளே துப்பாக்கி வாங்கக் கூடாது. சில மாதங்களாவது சங்கத்தின் துப்பாக்கியில் பழகட்டும். வளரும் பிள்ளையின் கை அளவு மாறிக்கொண்டே இருக்கும். இன்று ராவிய பிடி அடுத்த ஆண்டு பொருந்தாது. வாங்கும் காலம் வந்தால், பயிற்சியாளரை உடன் அழைத்துப் போக வேண்டும். காற்று உருளையில் செய்த தேதியைப் பார்த்து வாங்க வேண்டும். பொதுவாகப் பத்து ஆண்டுதான் அதற்கு ஆயுள். பழைய துப்பாக்கி மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி, பந்தயத்தன்று உருளை செல்லாது என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் உண்டு.

லைசென்ஸ் வேண்டாம் என்பதால் அது பொம்மை ஆகிவிடாது. அரை கிராம் ரவை கண்ணில் பட்டால் பார்வை போய்விடும். வீட்டில் பூட்டித்தான் வைக்க வேண்டும். பயிற்சி முடிந்து வந்ததும் பிள்ளை சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே பலகாரத் தட்டைத் தொட வேண்டும். ரவை ஈயம், ஈயம் வயிற்றுக்குள் போகக் கூடாது.